நேபாளம் போய்வந்தவர்

பயணம் போகிறவர்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. மூட்டை கட்டுகிறார்கள், ரயில் ஏறுகிறார்கள், கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருக்கிறார்கள். போகாதவர்களாலும் தொந்தரவில்லை, அவர்கள் பாட்டுக்கு வீட்டில் கிடக்கிறார்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதற்குப் போய்வந்தவர் என்று பெயர். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, ஒரே ஓர் இடத்துக்குப் போயிருப்பார். திரும்பி வந்து வருஷக்கணக்காகியிருக்கும். ஆனால் முழுசாக வந்துசேர்ந்திருக்க மாட்டார். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் நீங்கள் இன்னும் தெருவில் யாரோடும் பேசிப் பழகவில்லை என்று அர்த்தம்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. காசி போய்வந்தவர், டெல்லி போய்வந்தவர், சிங்கப்பூர் போய்வந்தவர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அத்தனை பேருக்கும் தலைவர், நேபாளம் போய்வந்தவர். காசி போனவருக்குக் கிடைப்பது புண்ணியம் மட்டும். சிங்கப்பூர் போனவருக்கு வெளிநாடு மட்டும். நேபாளம் போனவருக்கோ ஒரே டிக்கெட்டில் இரண்டும். பாஸ்போர்ட்டே எடுக்காமல் பாரின் ரிட்டர்ன் ஆகிவிடுகிறார், பாவமும் தொலைந்துவிடுகிறது. இந்த வசதி வேறு எந்த தேசத்தில் உண்டு?

திண்டுக்கல்லில் சுங்கடிச் சேலைக் கடை வைத்திருந்த பொம்மையனை எடுத்துக்கொள்வோம். கடைக்குப் பின்கட்டில் வீடு, வீட்டில் மனைவி காளியம்மாள். எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் இருவரும் ஒரு வெளியூர் யாத்திரைக் கோஷ்டியோடு கிளம்பினார்கள். ஏன் ஆடி? ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாவிட்டால் சேலை வியாபாரம் இல்லை. வியாபாரி என்றால் ஈ ஓட்டுகிற மாதத்தில்தான் சாமி கும்பிட முடியும். காசி, கயா எல்லாம் முடித்துக் காட்மாண்டுவில் நான்கு நாள் தங்கினார்கள். அந்த நான்கு நாளை வைத்துக்கொண்டு அவர் இரண்டு வருஷம் ஓட்டினார்.

எப்படி ஓட்டினார் என்கிறீர்களா? முதலில் உடை. அங்கே வாங்கிய கம்பளிச் சால்வையைத் திண்டுக்கல் சித்திரை வெயிலில் போர்த்திக்கொண்டு, நெற்றி வேர்வையை அதன் நுனியாலேயே துடைத்துக்கொள்வார். கல்யாண வீடுகளில் வேட்டி சட்டைக்கு மேலே நேபாளத் தொப்பி. அடுத்து நேரம். காட்மாண்டுக் கடிகாரம் நம்முடையதைவிடக் கால் மணி முந்தி ஓடும். இவர் கைக்கடிகாரமும் அப்படியே ஓடியது. கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் அப்துல் லத்தீப், பெல்ட் மாற்றும்போதெல்லாம் நல்ல எண்ணத்தில் நேரத்தையும் சரிசெய்து கொடுப்பார். இவர் கடைவாசலிலேயே நின்று மறுபடி கால் மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டு போவார்.

பிறகு பேச்சு. அதுதான் முக்கியம். நீங்கள் எங்கிருந்து ஆரம்பித்தாலும் அவர் உங்களைக் காட்மாண்டுவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். மழை வரும்போலிருக்கிறது என்று சொன்னால், அங்கே மழையே வேறு தினுசு. பல் வலிக்கிறது என்று சொன்னால், அங்கே ஒரு தெருவில் பல்வலிக்கென்றே ஒரு சாமி இருக்கிறது. அந்தச் சாமி மரத்தில் ஆளுக்கு ஓர் ஆணி அடித்துவிட்டு வந்தால் வலி போய்விடும். பேசாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால்? "இப்படித்தான் அங்க புத்த பிட்சுகளும் உக்காந்திருப்பாக" என்று தொடங்கிவிடுவார். சந்தையில் சிறுமலை வாழைப்பழம் விற்கும் அம்பிகாவையும் அவர் விடவில்லை.

"இதென்னம்மா, மலைப்பழம் மலைப்பழம்னு கூவுற. சிறுமலையெல்லாம் ஒரு மலையா? நான் பாத்த மலைக்கு முன்னால இது எறும்புப் புத்து."

"மலை பெருசோ சிறுசோ, அந்த மலையில வாழ வெளையுமா?" என்றாள் அம்பிகா.

பொம்மையன் யோசித்தார். "அங்க பனிதான் வெளையுது."

"அப்ப அதத் தின்னுங்க. கைய எடுங்க, பழம் கன்னிப்போகும்."

ஆனால் மற்றவர்கள் மயங்கினார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் பனிமலை பார்த்த கதையைக் கேட்பதற்கென்றே ஆட்கள் கடைக்கு வந்தார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் கண்ணை மூடுவார். சால்வையை இழுத்துவிட்டுக்கொள்வார். கடையில் வடக்குத் திசை என்பது பழைய ஸ்டாக் சேலைகள் அடுக்கிய அலமாரி. அதைப் பார்த்துத் திரும்புவார். "பசுபதி கோயில் படித்துறை. விடியக்காலை. வடக்க திரும்புறேன்." இங்கே ஒரு நிறுத்தம். "ஏழு கொடுமுடி. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினேன்." சேலை எடுக்க வந்த பெண்கள் கையில் எடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஏழு என்ற சொல் வரும் நேரம் பார்த்துக் காளியம்மாளுக்கு மட்டும் அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஏனென்றால் பொம்மையன் மலையே பார்க்கவில்லை.

ஆடி மாதத்தில் அங்கே அடைமழை. நான்கு நாளும் மேகம் ஊரின் தலைமேல் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. கூட்டிப்போன ஆள் ஒரு வெள்ளை மேகத்தைக் காட்டி, இதற்குப் பின்னால்தான் பனிமலை என்றார். கோஷ்டி முழுவதும் அந்த மேகத்தைக் கையெடுத்துக் கும்பிட்டது. அந்த மலை பளிச்சென்று தெரிவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஐப்பசியில் தீபாவளி, சேலைக்காரன் கடையைப் பூட்டிவிட்டு மலை பார்க்கப் போக முடியுமா?

திரும்பி வந்த அன்று ரயிலடியில் மாலையோடு தெருவே நின்றது. யாத்திரை போய்வந்தவர் காலில் விழுந்தால் நமக்கும் பாதிப் புண்ணியம் என்று பெரியவர்கள்கூட விழுந்து எழுந்தார்கள். எழுந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பனிமலை பாத்தீகளா?" காலில் விழுந்தவனிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? "பாத்தேன்" என்றார். எத்தனை என்று கேட்டார்கள். "ஏழு" என்றார். அதற்குப் பிறகு அதைக் குறைக்க முடியவில்லை. காளியம்மாள் தனியாக ஒரே ஒரு தடவை சொன்னாள்: "நான் அங்க பாத்ததெல்லாம் உங்க முதுகும் உங்க குடையுந்தான்." அதோடு விட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியும், இவர் ஐந்தாம் வகுப்புப் பூகோளப் புத்தகத்தில் அந்த மலைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஆசைப்பட்டவர். பார்க்க முடியாமல் போனது அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே வலித்தது. வலித்த இடத்தில்தான் ஏழு கொடுமுடிகளும் முளைத்தன.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பக்கத்துத் தெரு பாஸ்கல் வாத்தியார் வந்து நிற்கும்வரை. எண்பத்தெட்டு மே மாதம், ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து கோடை விடுமுறையில் நேபாளம் சுற்றுலாப் போகிறார்கள், அவரும் போகிறார்.

"உங்க கதையக் கேட்டுத்தாண்ணே எனக்கு இந்த ஆசையே வந்துச்சு. அந்த எடத்தச் சொல்லுங்க. கேமரா இரவல் வாங்கியிருக்கேன்."

கேமரா என்றதும் பொம்மையன் சால்வையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார். "மே மாசத்துல எதுக்கு வாத்தியாரே? வெயிலு. வேற மாசம் போகலாமுல்ல?"

"எங்களுக்கு மே மாசந்தானண்ணே லீவு."

கடை நிறைய ஆள். படித்துறையைச் சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாசகசாலைக்காரர்கள் வேறு, வாத்தியார் திரும்பி வந்த மறு ஞாயிற்றுக்கிழமை அனுபவ உரை என்று எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். தலைமை, திரு. பொம்மையன். படித்துறையில் நின்றால் மலையே தெரியாது என்று வாத்தியார் போட்டோவோடு வந்து அத்தனை பேர் முன்னால் சொன்னால் என்ன ஆகும்? காலில் விழுந்தவர்களெல்லாம் என்ன நினைப்பார்கள்? பதினைந்து நாள் அந்த மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். மே மாதத்தில் அதனால் அவருக்கு நன்மைதான்.

உரைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து பாஸ்கல் வந்தார். முகம் செத்திருந்தது.

"அண்ணே, செத்த நேரம் பேசணும்."

"உக்காருங்க" என்றார் பொம்மையன். தான் முதலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொன்ன எடத்துக்குத்தான் போனேன். எங்கள மாதிரி சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கள கோயிலுக்குள்ள விட மாட்டாக, அது அவுக முறை. எதிர்க்கரையில நின்னு வடக்க பாத்தேன். மூணு நாளு." பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணுமே தெரியலண்ணே."

வந்துவிட்டது என்று பொம்மையன் நினைத்தார்.

"ஒரே புழுதியும் புகையுமா மண்டிக் கெடக்கு. எதிர்க்க இருக்கிற குன்றே தெரியல. உங்களுக்கு இருந்த குடுப்பினை எனக்கு இல்லண்ணே. என்ன பாவம் பண்ணினேனோ."

பொம்மையன் நிமிர்ந்து பார்த்தார். வாத்தியார் அவரைச் சந்தேகிக்கவே இல்லை. சந்தேகிக்கத் தோன்றவும் இல்லை. மலை தெரியாததற்குத் தன்மேல்தான் குற்றம் என்று கண் கலங்க உட்கார்ந்திருந்தார்.

"வந்து எறங்கினதும் எங்க வீட்ல, பாத்தீங்களான்னு கேட்டா. ஆசையாக் கேக்குறவகிட்ட என்னத்தச் சொல்ல? பாத்தேன்னுட்டேன். பிலிம்ல வெளிச்சம் பட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம். நாளைக்கு வாசகசாலைல கேப்பாக. நீங்க ஒருக்கா வெவரமாச் சொன்னீங்கன்னா போதும், அத வச்சு ஒப்பேத்திருவேன்."

நானும் பார்க்கலைப்பா. இரண்டே சொல். நுனி நாக்குவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இரண்டு மனுஷர்களுக்கும் பாரம் இறங்கியிருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து பாஸ்கல் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, விரித்து, பேனா மூடியைக் கழற்றி, "மொத்தம் ஏழுதானண்ணே?" என்று கேட்டார். எதிரில் ஒருவன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும்போது நீங்களாயிருந்தாலும் உண்மை வருமா?

"ஏழு" என்றார் பொம்மையன். "ஓரத்துல உள்ளது கொஞ்சம் குட்டை."

அரைமணி நேரம் நடந்தது அந்தப் பாடம். காளியம்மாள் பின்கட்டுக் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். "நல்லா எழுதிக்கங்க வாத்தியாரே, விட்றாதீக" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மறுநாள் வாசகசாலையில் இடம் போதவில்லை. பாஸ்கல் நோட்டைப் பார்க்கவே இல்லை. தினம் நாற்பது பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிற குரல் அது. படித்துறையைச் சொன்னார், பிணங்கள் எரிவதைச் சொன்னார், ஆற்றின் குளிரைச் சொன்னார், பிறகு மெதுவாக வடக்கே திரும்பினார். "ஏழு கொடுமுடி. மூணாவதுல முதல்ல வெளிச்சம் விழுந்துச்சு. பக்கத்துல ஒரு கெழவர். யாரு எவருன்னு தெரியாது. அவரு கும்பிட்டாரு. நானும் கும்பிட்டேன். எங்க சாமி, உங்க சாமின்னு அப்பத் தோணலங்க. எங்க அப்பா செத்தப்பகூட நான் அழுகல. அங்க நின்னு அழுதேன்."

அப்துல் லத்தீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தபடியே தலைவர் பக்கம் திரும்பி, "ஏண்ணே, நீங்க இதெல்லாம் சொல்லவே இல்லையே?" என்றார்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாயிருச்சு" என்று எழுந்தார். அது நேபாள நேரம். கூட்டம் முடிய இன்னும் கால் மணி பாக்கியிருந்தது. தலைமையுரை நடக்கவில்லை, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. எல்லாரும் பாஸ்கலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அவன் பாத்திருக்கான் காளியம்மா" என்றார் கடைசியில்.

"யாரு, எத?"

"வாத்தியாரு, மலைய. பாக்காதவன் அப்படிச் சொல்ல முடியாது. நான் வருத்தப்படுவேன்னு எங்கிட்ட பாக்கலன்னு சொல்லியிருக்கான். தங்கமான மனுஷன்."

"நேத்து நீங்கதான சொல்லிக் குடுத்தீக?"

"நான் குடுத்தது ஏழு கொடுமுடி. அழுகைய நான் குடுக்கலயே" என்றார் பொம்மையன். "ஊரெல்லாம் பாத்துட்டு வந்துருச்சு. நான் ஒருத்தந்தான் பாக்கல."

காளியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வைத்தாள். திங்கட்கிழமை காலையில் பொம்மையன் யாத்திரை கூட்டிப்போனவருக்குக் கடிதம் எழுதி, இரண்டு டிக்கெட்டுக்கு முன்பணமும் அனுப்பிவைத்தார். வருகிற வருஷம் மே மாதத்துக்கு. மே மாதம்தான் மலை தெரியும் என்று பார்த்தவர் சொல்லக் கேட்டிருக்கிறாரே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தடவை வத்தலக்குண்டில் பஸ் மாறிக் கொடைக்கானல் போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கோக்கர்ஸ் வாக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். எதிரே சுண்ணாம்பு அடித்த மாதிரி மூடுபனி. பக்கத்தில் நின்றவர் அதற்குள் கையை நீட்டி, "அந்தா பாருங்க, வைகை டேம்" என்றார். நீங்களும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஆமா, தெரியுது" என்று சொன்னீர்கள். வீட்டுக்கு வந்தும் சொன்னீர்கள்.

அது போகட்டும். டேமில் தண்ணீர் எவ்வளவு இருந்தது?