பதினோரு மணிக்குக் கரண்ட் போகும் மனிதர்

ஐந்து தட்டுகளைக் கழுவி ஆறாவது தட்டைக் கையில் எடுத்தபோது லிஃப்ட்டுக்காரருக்குக் கரண்ட் போய்விட்டது.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. போனது அவர் உடம்பில். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து. சொல்லி வைத்த மாதிரி.

முப்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். நாலு வருடத்துக்கு முன்னால் கால் மரத்து, கண் மங்கி, டாக்டரிடம் போனார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார்கள். நரம்புக்கு மேலே இருக்கிற உறை அங்கங்கே பிய்ந்து போகுமாம். மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேராதாம்.

"ஒயர் மேல இருக்கிற ரப்பர் போச்சு, அவ்வளவுதானே? இதச் சொல்ல இத்தன வருஷப் படிப்பா?" என்று டாக்டரையே கேட்டார்.

ஆனால் அந்த அசதி இருக்கிறதே, அது எந்த ஒயரிலும் அவர் பார்க்காதது. தூங்கினாலும் தீராது. ஆறாவது மாடியில் நின்ற லிஃப்ட்டின் கயிற்றை யாரோ அறுத்துவிட்ட மாதிரி மனுஷன் நேராக அடித்தளத்துக்குப் போவார். சூடு பட்டால் இன்னும் மோசம். பார்வைக்கு மட்டும் ஆள் தேக்குக் கட்டை மாதிரி இருப்பார். அதனால் அவரை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அவரும் ஒருத்தரையும் நம்பமாட்டார். சரிக்குச் சரி.

அவர் மனைவி பஸ் ஓட்டுகிறாள். புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இருபது வருடமாக அவள் காத்திருந்த வேலை. ஆனால் போன மாதம், தரை துடைக்கும் மாப்பைக் கட்டிப்பிடித்தபடி அவர் சமையலறைத் தரையில் இரண்டு மணி நேரம் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து, "உங்களத் தனியா விட்டுட்டு எனக்கு எதுக்கு அந்த வேலை? இருக்கிற வேலையவும் எழுதிக் கொடுத்துட்டு வீட்டோட இருந்துடறேன்" என்று ஆரம்பித்திருந்தாள். உதவிக்கு ஆள் வைத்தும் பார்த்தாள். வந்த ஆளை இவர் இரண்டே நாளில் விரட்டிவிட்டார். "என் வீட்டுக் கரண்டிய வேத்தாள் தொடக்கூடாது!"

அன்று காலையில் அவர் பந்தயமே கட்டியிருந்தார்.

"துணி, பாத்திரம், தரை, சமையல். நாலையும் நானே முடிச்சுக் காட்டறேன். நீ ரெண்டு மணிக்கு வந்து பாரு. வீடு பளிச்சுன்னு இருந்தா அந்த வேலைக்குச் சரின்னு சொல்லணும்."

"வேத்தாள் கை படாம?"

"ஒரு விரல் படாம!"

அவள் சிரித்துக்கொண்டே போனாள். இவரும் தெம்பாக ஆரம்பித்தார். துணியை மெஷினில் துவைத்துக் கூடையில் அள்ளினார். உருளைக்கிழங்கை அடுப்பில் சின்னத் தீயில் வேகப் போட்டார். பாத்திரத்துக்கு வந்தார். வெந்நீரில் கையை விட்டதுதான் தப்பு.

சுவரைப் பிடித்துப் பிடித்து ஹாலுக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். கால் இரண்டும் ஈர மணல் மூட்டை. அவள் வேலை போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக் கிடந்தார். பன்னிரண்டு மணிக்குக் காலிங் பெல் அடித்தது.

"திறந்துதான் இருக்கு!"

மேல்வீட்டு டிராயிங் வாத்தியார். "என்ன லிஃப்ட்டு, என் சட்டை காத்துல பறந்து உங்க பால்கனியில விழுந்துடுச்சு. நீலக் கட்டம் போட்டது."

லிஃப்ட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஒரு இலைகூட அசையவில்லை. வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் நீலக் கட்டம் போட்ட சட்டைதான் போட்டிருந்தார். போட்டிருக்கிற சட்டையைத் தேடுகிற ஆளிடம் எத்தனை பிள்ளைகள் படித்துக் கெட்டார்களோ!

சட்டென்று மூளையில் ஒரு பல்பு எரிந்தது.

"வாத்தியாரே, அது ஈரத்துணிக் கூடைக்குள்ளதான் விழுந்திருக்கும். ஒவ்வொண்ணா எடுத்து நல்லா உதறி, கொடியில போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"எல்லாத்தையுமா?"

"கிளிப்பும் போட்டுடுங்க. காத்து பலமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வாத்தியார் பால்கனிக்குப் போனார். லிஃப்ட்டுக்காரருக்குத் தன்னைத் தானே தட்டிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது. கை எழும்பவில்லை. உடனே ஒரு பயமும் வந்தது. வாத்தியார் வாய்க்குப் பூட்டு கிடையாது, மனைவியிடம் உளறிவிட்டால்? கைத்தடியால் எட்டிப் பால்கனிக் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

மறுபடியும் பெல். இந்தத் தடவை குழாய்க்காரர், தோளில் பையோடு.

"அண்ணே, உங்க சிங்க் கீழ்வீட்டுக்கு ஒழுகுதாம். பாக்கணும்."

"கீழ்வீடு ஆறு மாசமா பூட்டியிருக்கே?"

குழாய்க்காரர் தலையைச் சொறிந்தார். "அதான்... பூட்டின வீட்டுக்குள்ள ஒழுகினா யாருக்குத் தெரியும்?"

இதுவும் ஒரு திருட்டு முழி என்று லிஃப்ட்டுக்காரர் மனதில் குறித்துக்கொண்டார். ஆனால் வலிய வந்த சீதேவியை விடுவானேன்?

"பாருப்பா. ஆனா சிங்க் நிறையப் பாத்திரம். கழுவி அடுக்கினாத்தானே அடி தெரியும்?"

"நானா கழுவணும்?"

"ஒழுகறது உனக்குத்தானே தெரிஞ்சது? எனக்கா தெரிஞ்சது?"

நியாயம் என்று அவர் போனார். குழாய்க்காரரைப் பார்த்தால் வாத்தியார் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார். "சமையலறைக் கதவச் சாத்திக்கோ. புழுதி வரும்" என்று லிஃப்ட்டுக்காரர் கத்தினார்.

பத்து நிமிடம் தட்டும் கரண்டியும் கலகலவென்று இசைத்தன. லிஃப்ட்டுக்காரர் மகாராஜா மாதிரி சாய்ந்திருந்தார். ரெண்டு வேலை முடிந்தது! பிறகு கலகலப்பு நின்றது. 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்து 'சளார்'.

"அண்ணே! இப்ப நெஜமாவே ஒழுகுதுண்ணே!"

சமையலறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. பாத்திரச் சோப்பு நுரை அதன் மேல் ஊர்வலம் போல மிதந்து வந்தது. மணி பன்னிரண்டே முக்கால். தரையைத் துடைக்காமல் இருந்தாலாவது அழுக்கு மட்டும்தான். இப்போது குளம்!

"மூடுய்யா அந்தக் குழாய!"

"மூடிட்டேன்! வாஷரத் தேடறேன்!"

மூன்றாவது தடவையாகப் பெல் அடித்தது. தலையில் ஹெல்மெட்டோடு கூரியர்க்காரம்மா. கையில் ஒரு பழுப்பு உறை.

"சார், ஒரு கையெழுத்து."

"போடலாம்மா. ஆனா ஈரத்துல கால வச்சா வழுக்கி விழுவேன். டாக்டர் ஆர்டர். அந்த மூலையில மாப் இருக்கு பாரு. தரை காஞ்சா எழுந்து வந்து போடுவேன்."

"நான் அங்க வந்து வாங்கிக்கறேனே?"

"என் பேனா இங்க இல்ல. அந்த அலமாரியில இருக்கு. நடுவுல குளம்."

அந்தம்மா சட்டைப்பையில் செருகியிருந்த தன் பேனாவை ஒருமுறை பார்த்தார். பார்க்காத மாதிரி கையால் மூடிக்கொண்டார். மாப்பை எடுத்தார். லிஃப்ட்டுக்காரர் அதையும் கவனித்தார். இந்தக் காலத்தில் ஒரு பேனா இரவல் கொடுக்கக்கூட ஜனங்களுக்கு மனசு வருவதில்லை!

அந்தம்மா ஹால் முழுக்கப் பிழிந்து பிழிந்து துடைத்தார்.

"சார், உள்ள யாரோ பேசறாங்க."

"ரேடியோ."

"ரேடியோ 'ஐயோ வாஷர் போச்சே'ன்னு பாடுது?"

"புதுப் பாட்டு."

"பால்கனியில யாரோ கதவத் தட்டறாங்க."

"நாய்."

"நாய் 'லிஃப்ட்டு, கிளிப் பத்தல'ன்னு சொல்லுது, சார்."

அப்போது லிஃப்ட்டுக்காரர் மூக்கில் ஏதோ ஏறியது. கருகல். உருளைக்கிழங்கு! அடுப்பையே மறந்துபோயிருந்தார். அசதி வந்தால் காலோடு நிற்காது, ஞாபகத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

"அடுப்பு!" என்று அலறினார்.

சமையலறைக் கதவு படீரென்று திறந்தது. சிங்க்குக்கு அடியில் தலையை விட்டிருந்த குழாய்க்காரர் இருமிக்கொண்டே, புகையும் பாத்திரத்தோடு ஓடி வந்தார். புகையைப் பார்த்து வாத்தியார் பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கழுத்தில் லிஃப்ட்டுக்காரரின் பனியன் மாலை போலத் தொங்கியது. நடுவில் கூரியர்க்காரம்மா மாப்பை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் ஆச்சரியம் வரவில்லை. அதுதான் லிஃப்ட்டுக்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது. மணி ஒன்றரை. அரை மணி முன்னதாகவே அவள் வந்துவிட்டாள்.

எங்கிருந்து வந்ததோ ஒரு தெம்பு, லிஃப்ட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்து எழுந்தே நின்றுவிட்டார்.

"வா, வா! பாத்தியா? துணி கொடியில! பாத்திரம் ஸ்டேண்டுல! தரையில முகம் பாக்கலாம்! எல்லாம் நானே செஞ்சது!"

"சமையல்?"

"அது கொஞ்சம்... முறுகலா செஞ்சிருக்கேன்."

"இவங்கல்லாம்?"

"இவங்களா? இப்பத்தான் வந்தாங்க. சும்மா. ஒரு விரல் வச்சிருப்பாங்களா கேளு."

வாத்தியார் பனியனைக் கழற்றிப் பின்னால் மறைத்துக்கொண்டார். கூரியர்க்காரம்மா மாப்பைச் சுவரில் மெதுவாகச் சாய்த்தார். லிஃப்ட்டுக்காரர் அவரிடமிருந்து அந்தப் பழுப்பு உறையை வாங்கிக் கிழித்தார். உள்ளே ஒரு பழைய பஸ் டைம்டேபிள், இரண்டாக மடித்தபடி. வேறொன்றும் இல்லை. இந்தக் கம்பெனிகளையும் நம்பக்கூடாது.

"சொன்னபடி செஞ்சு காட்டிட்டேன். இனிமே நீ மறுக்கக்கூடாது. அந்த வேலைக்குச் சரின்னு சொல்லு. இப்பவே போன் போடு!" உறையைக் கசக்கினார். "என்னால உன் வேலை போகக்கூடாது. அவ்வளவுதான்."

அவள் அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கண் கொஞ்சம் பளபளத்தது.

"சொல்லிட்டேங்க."

"எப்போ?"

"போன வாரமே."

"போன வாரமா? நான் செஞ்சு காட்டினது இன்னிக்குத்தானே? எந்தத் தைரியத்துல சொன்ன?"

அவள் பதில் சொல்வதற்குள், ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த குழாய்க்காரர் வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்:

"அக்கா, நாளைக்கு நான் என்ன பொய் சொல்லிக்கிட்டு வரணும்?"