உடும்புக்கு ஒரு வக்கீல்

ஊர் முழுக்கக் காறித் துப்பிய ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கழுவித் துடைத்து, நடுக்கூடத்தில் மாட்டி வைத்து, "இதன் அருமை உங்களுக்குத் தெரியவில்லை" என்று சொல்லும் ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோற்ற வேட்பாளர், ஊசிப்போன வடை, பெய்யாத மழை எதுவானாலும் சரி, ஊர் ஒருபக்கம் சாய்ந்தால் இவர்கள் மறுபக்கம் சாய்வார்கள். சாயாவிட்டால் தூக்கம் வராது. இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த உருப்படி ஒன்று எழுபதுகளில் பாலக்காட்டுக்குக் கிழக்கே, வேலந்தாவளத்துப் பக்கம் கடலைக்காய் விவசாயம் செய்துகொண்டிருந்தது. பெயர் குப்பண்ணன்.

வேலந்தாவளத்தில் அப்போது பழனிச்சாமியின் டெண்ட் கொட்டகை இருந்தது. ஜப்பான்காரன் எடுத்து மதராசில் தமிழ் பேச வைத்த 'உடும்பாசுரன்' படம் அங்கே ஓடியபோது, எரிமலையைக் கிழித்துக்கொண்டு பனைமர உயரத்துக்கு உடும்பு ஒன்று எழுந்து வந்து, பாலத்தை முருங்கைக் கிளையாய் ஒடித்து, ரயிலைப் புடலங்காயாய்க் கடித்துத் தின்றதையும், அதன் சோடி எரிமலைக்குள் விழுந்து மடிந்ததையும் பார்த்த சனம் மறுநாள் சாமி கும்பிடக்கூட உடும்பைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் போனது. அடுத்த வருஷம் 'மீண்டும் உடும்பாசுரன்' வந்தது. வந்தது என்றா சொன்னேன்? வந்து படுத்தது. முக்கால் படத்துக்கு உடும்பு ஒரு தீவில் படுத்தே கிடந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் ஒருவழியாக எழுந்தபோது வயிற்றில் தையல் தெரிந்தது. நடந்தபோது முழங்காலில் சராய் மாதிரி மடிப்பு விழுந்தது. 'உடும்புக்கு ஓய்வு தேவை, ரசிகர்களுக்கும்' என்று கோயமுத்தூர்ப் பத்திரிகை ஒன்று ஒற்றை வரியில் எழுதிவிட்டது.

முதல் நாள் ஆட்டத்தில் எல்லாரையும்விட உரக்கத் திட்டியவர் குப்பண்ணன்தான். இதை மறந்துவிடாதீர்கள், அவர் மறந்துவிட்டார். மறுநாள் காலை சாயாக்கடைக்குப் போனால் அங்கே எல்லாரும் அதே வசவை, அதே சொல்லில் வைதுகொண்டிருந்தார்கள். குப்பண்ணனுக்கு டீ கசந்தது. நாலு பேர் எச்சில் பண்ணின கருத்தை நாமும் வாயில் வைப்பதா? டம்ளரைக் கீழே வைத்தார். படத்தைப் பார்க்கத் தெரிந்து பார்த்தீர்களா என்று கேட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு. உடும்பு படுத்தே கிடக்கிறதே என்றதற்கு, ரயிலையே தின்ற உயிர் செரிக்கும்வரை படுக்காமல் கும்மியா அடிக்கும் என்றார். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்களே என்றதற்கு, படித்தவன் வேறென்ன செய்வான் என்றார். வயிற்றுத் தையலுக்கு என்ன சொல்லப்போகிறார் என்று கடையே காத்திருந்தது.

"அது தையல் இல்லீங்க, தழும்பு," என்றார் குப்பண்ணன். "மொதப் படத்துல பீரங்கியில சுட்டாங்கல்ல, அந்தப் புண்ணு ஆறியிருக்குது. அதையக்கூடக் காட்டியிருக்கறான், நமக்குத்தான் கண்ணு பத்துல."

அன்றிலிருந்து தினம் கொட்டகைக்குப் போனார். உள்ளே அவரும், ஒண்ட வந்த ஓர் ஆடும் மட்டும் இருந்த நாளும் உண்டு. பழனிச்சாமி வெறுத்துப்போய்ப் படப்பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பத் தயாரானார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்கள், கூட்டத்தோடு வருகிறேன் என்று குப்பண்ணன் வாக்குக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் மயிலாத்தாளைப் பார்க்க ஒழலப்பதியிலிருந்து ஆறுச்சாமி குடும்பம் வருகிறது என்பதை அவர் மறக்கவில்லை. அவர்கள்தான் அந்தக் கூட்டம்.

ஆறுச்சாமி தென்னந்தோப்புக்காரர், வாயில் இருக்கிற வெற்றிலைக்குக்கூடத் தொந்தரவு கொடுக்காமல் பேசுகிற மனிதர். அதற்கு முன் வந்த வரன்களுக்கெல்லாம் உதட்டைப் பிதுக்கிய மயிலாத்தாள், அவருடைய மகனைப் பார்த்ததும் தலையைக் குனிந்து காபியை நீட்டினாள். குப்பண்ணனின் மனைவி நாச்சம்மாளுக்கு அது போதும். பெற்றவளுக்குத் தெரியாதா, எந்தக் குனிவு எதற்கென்று? தட்டு மாற்றுகிற நாளைப் பற்றி அவள் பேச வாயெடுக்கும்போது, குப்பண்ணன் விருந்தாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சம்பந்தம் பேச வந்தவங்களைப் போயி உடும்பு பாக்கக் கூட்டீட்டுப் போறீங்களே," என்றாள் நாச்சம்மாள்.

"குணம் தெரிய வேண்டாமா?" என்றார் குப்பண்ணன்.

படம் ஓடியது. உடும்பு வழக்கம்போல் படுத்தது. குப்பண்ணன் ஆறுச்சாமியின் காதோரம் தழும்பு, செரிமானம் என்று விளக்கிக்கொண்டே வந்தவர், பதிலே இல்லையென்று திரும்பிப் பார்த்தால், அந்த மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க மயிலைக்காளை செத்தப்ப சோடிக்காளை இப்படித்தானுங்க படுத்துக்கிச்சு," என்றார் ஆறுச்சாமி. "தாழி நெறையத் தண்ணி வெச்சும் மூஞ்சியத் திருப்பல. மொதப் படத்துல இதோட சோடி எரிமலைக்குள்ள உழுந்துருச்சில்லீங்க, அந்தத் துக்கமுங்க."

இத்தனை தடவை பார்த்தும் இது குப்பண்ணனுக்குத் தோன்றவே இல்லை. திரையைப் பார்த்தார். உடும்பு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரே ஒருமுறைதான் அவர் அந்தப் படத்தை உண்மையிலேயே பார்த்தார் என்று சொல்லவேண்டும். மறுநாள் சாயாக்கடையில் அந்தச் சோடித் துக்கத்தைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகவே எடுத்து விட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறுச்சாமி வேலந்தாவளம் மாட்டுச்சந்தையில் தன் வியாபாரம் முடிந்ததும் படத்தைப் பற்றி இரண்டே வாக்கியம் பேசியிருக்கிறார். பேசாத மனிதர் பேசினால் சும்மாவா? மாடு வாங்க வந்தவன், விற்க வந்தவன், பல் பிடித்துப் பார்க்க வந்தவன் எல்லாரும் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். மறுநாள் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். கட்டின பெட்டியை அவிழ்த்த பழனிச்சாமி, 'குடும்பத்தோடு வந்து அழுது மகிழுங்கள்' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினார். உடும்பு படுத்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கிளம்பும். எழுந்ததும் விசில் பறக்கும். ஆடு ஒண்ட இடமில்லை.

குப்பண்ணன் வென்றுவிட்டார். மகிழ்ந்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

ஒருநாள் காலை சாயாக்கடையில் எவனோ ஒருவன், இவர் யாரென்றே தெரியாமல், "அது தையல் இல்லீங்க, தழும்பு," என்று இவருக்கே விளக்க ஆரம்பித்தான். டீ மறுபடியும் கசந்தது. ஊர் முழுக்க வந்து ஏறிக்கொண்ட வண்டியில் நமக்கென்ன வேலை? இரண்டு நாள் தோட்டத்தில் தனியாகச் சுற்றினார். மூன்றாம் நாள், என்ன இருந்தாலும் கொஞ்சம் இழுவைதான் என்றார். வாரக்கடைசியில், படமா அது என்றார்.

அந்த நிலைமையில் நிச்சயதார்த்த நாள் வந்தது. பந்தியில் ஆறுச்சாமி, தன் வழக்கத்துக்கு விரோதமாக மலர்ந்து, மச்சான் புண்ணியத்தில் நல்ல படம் பார்த்தேன், ஐந்து தடவை போய்விட்டேன் என்று சொல்ல, இலைக்கு இலை எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அத்தனை ஆமாமைக் குப்பண்ணனால் தாங்க முடியவில்லை.

"மாட்டுக்காரங்க அழுவறதுக்குன்னு எடுத்த படமுங்க அது," என்றார்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் கை நின்றது. ஆறுச்சாமி இலையை மூடினார், கை கழுவினார், வாசலில் போய் வண்டி பூட்டச் சொன்னார். பின்னாலேயே அவர் மகன் எழுந்தான். உள்ளறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அதற்குப் பின்னால் மயிலாத்தாள் இருந்தாள்.

குப்பண்ணன் வாசல்படிவரை போனார். ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்குகிற வழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாச்சம்மாள் அவரைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டாள். இருபது வருஷம் குடித்தனம் செய்தவள். அழுவாள், ஏசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சாவகாசமாக அப்பளத் தட்டை மூடினாள்.

"போனாப் போகட்டுமுங்க," என்றாள். "உங்க அண்ணன், பங்காளி, இந்த ஊரே அதைத்தான் சொல்லுது. ஒரு மாட்டுக்குப் போயி அழுவற மனுசன் ஊட்டுச் சம்பந்தம் நமக்கெதுக்குன்னு."

அண்ணனும் பங்காளிகளும் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர்கள் வாயில் பாயசம் இருந்தது. ஆனால் குப்பண்ணனின் காது விடைத்தது.

"ஊரா? ஊருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு நடந்தார். நடந்தார் என்ன, ஓடினார். வாசல் தாண்டிக் கிளம்பிய வண்டியின் நுகத்தடியைப் பிடித்து நிறுத்தினார். காளைகள் மூச்சு அவர் நெஞ்சில் பட்டது.

"மச்சான், எறங்குங்க," என்றார். "மாட்டுக்கு அழுவற மனுசன் மருமகளை அழ வெக்க மாட்டானுங்க. இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் அது வெளங்கல."

வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே சரியான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். ஆறுச்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு இறங்கினார். அன்று பொழுது சாய்வதற்குள் தட்டு மாற்றியாயிற்று. சாத்தின கதவு திறந்து, மயிலாத்தாள் குனிந்த தலையோடு வந்து நின்றாள். ஊர் எதிர்த்த சம்பந்தத்தை ஒற்றை ஆளாக நின்று முடித்தது தான்தான் என்று குப்பண்ணன் கடைசிவரை நம்பினார். நாச்சம்மாள் மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால்தான் வம்பு.

குப்பண்ணனைப் போன்றவர்கள் வேலந்தாவளத்தோடு முடிந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். உங்கள் தெருவில் இருக்கிறார். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இந்தக் கதையை நாலு பேர் நன்றாயிருக்கிறது என்று சொல்லக் கேட்டதும் உங்களுக்குள் ஒன்று லேசாக முறுக்கிக்கொள்கிறது பாருங்கள், அங்கேயும் இருக்கிறார். என்ன, நான் அப்படிப்பட்ட ஆளே இல்லை என்கிறீர்களா? உங்கள் ஊரே 'ஆமாம், அந்த ஆள்தான்' என்கிறதே.