எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்

தேர்தலில் நின்று தோற்றவர்கள் உலகத்தில் ஏராளம். "தயவுசெய்து எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்" என்று கையெடுத்துக் கும்பிட்டுப் பிரசாரம் செய்து, அந்தப் பிரசாரத்திலும் தோற்றவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் நாடாளுமன்றம், சட்டமன்றம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சிட்னியின் மேற்குப் பக்கத்தில், குப்பை வண்டி எந்தக் கிழமை வரவேண்டும் என்று முடிவு செய்கிற கவுன்சிலுக்கான தேர்தல்.

எங்கள் எதிர் வீட்டில் ஹெலன் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பகுதி ஆரம்பப் பள்ளிக்கு முன்னால் ஓடும் சாலையில், நடந்து போகிறவர்கள் கடப்பதற்கு அப்போது ஒரு வெள்ளைக்கோடு கூடக் கிடையாது. ஒருநாள் என் மகன் கையிலிருந்து நழுவி உருண்ட சாப்பாட்டு டப்பாவின் மேல் ஒரு கார் ஏறிப் போனது. (உள்ளே இருந்தது தயிர் சாதம். சாலை முழுக்க மாதுளை முத்து.) டப்பாவுக்குப் பதில் பையனாக இருந்திருந்தால் என்று நினைத்து நான் அன்று முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஹெலன் நடுங்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து அதே இடத்தில் வந்து நின்று, கையைக் காட்டிக் கார்களை நிறுத்திப் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்ப ஆரம்பித்தார். கவுன்சிலுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். "ஆய்வு செய்துகொண்டிருக்கிறோம்" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. வெறுத்துப்போய், தானே கவுன்சிலர் ஆகிவிடுவது என்று முடிவு செய்தார்.

இங்கே ஓட்டுச்சீட்டில் குறுக்கே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கட்டம். அதில் 1 என்று எழுதினால் வேலை முடிந்தது, ஓட்டு அந்தக் குழுவின் முதல் ஆளுக்குப் போய்விடும். கோட்டுக்குக் கீழே ஆட்களின் பெயர்கள். தனித்தனியாக ஆள் பார்த்துப் போட விரும்புகிறவர்கள் அங்கே 1, 2 என்று சில பேருக்காவது எண் போட வேண்டும். ஒரே ஓர் ஆளுக்கு 1 போட்டுவிட்டுப் பேனாவை மூடினால் சீட்டு செல்லாது. இந்த விதி எனக்கு மனப்பாடம். என் தமிழ் மக்களுக்குத்தான் இல்லை.

அந்த மேல் கட்டம் கிடைப்பதற்கு ஹெலனின் குழுவில் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். முதலில் அவர், இரண்டாவது அவருடைய தோட்டக் கிளப் நண்பர். மூன்றாவதாக, வெறும் பெயருக்கு ஓர் ஆள். எலுமிச்சை கேக்கோடு வந்து என்னைக் கேட்டார்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

நான் பரமட்டாவில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். இழப்பீடு கேட்கிறவர்களுக்கு மறுப்புக் கடிதம் எழுதுவதுதான் என் வேலை. ஆங்கிலத்தில், கம்ப்யூட்டரில், முகம் தெரியாத ஆளுக்கு நான் "முடியாது" சொல்லும் அழகே தனி. ஆபீஸ் வாசலைத் தாண்டிவிட்டால் அந்தச் சொல் என் வாயில் வராது. "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் முடியாது என்பது திருச்சியில் பால்காரருக்குக்கூடத் தெரியும். ஹெலன் திருச்சியில் பிறக்கவில்லை. மறுநாள் காலையில் வேட்புமனுவோடு வந்து, "யோசித்துவிட்டாயா? இங்கே ஒரு கையெழுத்து" என்றார். போட்டேன்.

என் கணவர் ரகு ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னார். "பேருக்குத்தானே? தப்பித் தவறி ஜெயிச்சுத் தொலைச்சிடாதே."

"நான் ஏன் ஜெயிக்கப் போறேன்? மூணாவது பேரு. மைக்கைப் பார்த்தாலே நான் ஓடிடுவேன்."

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும், கௌரி அன்ரி மட்டும் தெருமுனையில் குடியிருக்காவிட்டால். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் விசா என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே இங்கே வந்து வீடு வாங்கியவர். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போனது என்பதெல்லாம் அவருடைய போன் வழியாகத்தான் போகும். ஹெலனின் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன பிள்ளை இது? எங்கடை பிள்ளையை ஏன் கடைசியிலை போட்டிருக்கினம்?"

"நான் சும்மா பேருக்குத்தான் அன்ரி. நீங்க ஹெலனுக்குப் போடுங்க. மேல இருக்கிற கட்டத்துல ஒரு 1, அவ்வளவுதான்."

"அப்ப உனக்கு?"

"எனக்குப் பதவியெல்லாம் வேண்டாம் அன்ரி. சத்தியமா வேண்டாம்."

அன்ரி என்னையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்திலை இப்பிடியும் ஒரு பிள்ளையோ!"

நம் ஆட்களிடம் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு வழியே கிடையாது. பந்தியில் இலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து, "போதும், போதும்" என்று அலறினாலும் விரலிடுக்கு வழியாகச் சாம்பார் இறங்கும். எவ்வளவு பலமாக மறுக்கிறோமோ அவ்வளவு பெரிய கரண்டி. இதெல்லாம் தெரிந்தும் நான் "சத்தியமா" என்று வேறு சேர்த்துச் சொன்னேன் பாருங்கள், அது என் மடத்தனம்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. மகன் மேடையில் திருக்குறள் ஒப்பிப்பதைப் பார்க்கப் போனவளைச் செயலாளர் மேடைக்கு இழுத்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், மைக் கிடைத்தால் இறக்கி வைக்க மாட்டார். பொன்னாடை போர்த்தினார்கள். "நம்ம வீட்டுப் பெண், நம்ம வேட்பாளர்!" என்றார். மைக் என் கைக்கு வந்தது.

அப்படியே இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் ஹெலனை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "எல்லாருக்கும் வணக்கம். தயவுசெய்து எனக்கு ஓட்டுப் போடாதீங்க. எனக்குத் தகுதி இல்ல. ஆசையும் இல்ல. ஹெலனுக்குப் போடுங்க." பயத்தில் குரல் உடைந்து, கடைசி வார்த்தை அழுகை மாதிரி வந்தது.

அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. செயலாளர் மைக்கைப் பிடுங்கினார். "பார்த்தீங்களா! நம்ம ஊர்ல சீட்டுக் கிடைக்கலைன்னா கட்சியை விட்டே போவாங்க. இவங்க கிடைச்ச சீட்டையே வேண்டாங்கிறாங்க!" பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். விசாரித்ததில் அது ரகு.

அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் ஒரே கதைதான். மளிகைக் கடையில் முருங்கைக்காய் எடுத்துக்கொண்டிருந்தால் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமி, "உங்களுக்குத்தான்" என்று ரகசியம் சொல்லிவிட்டுப் போவார். நான் மறுப்பேன். அவர் கண்ணைச் சிமிட்டுவார். கோயில் கார் பார்க்கிங்கில் இரண்டு பேரைப் பிடித்து நிறுத்தி, மாதிரிச் சீட்டை விரித்து, விரலை வைத்துக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஹெலனை ஏமாத்த மாட்டேன்னு நிக்கிறீங்க பாருங்க, அங்கதான் நீங்க நிக்கிறீங்க" என்று பாராட்டினார்கள்.

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடி அதே பள்ளிக்கூடத்தில்தான். பெற்றோர் சங்கத்தார் வெளியே சாசேஜ் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்களை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஒரு வீட்டுத் தரகர். அவருடைய சிரித்த முகம் வேலி முழுக்கத் தொங்கியது. நான் கேட்டுக்கு வெளியே நின்று, "மேல் கட்டத்துல ஒரு 1, ஹெலன் குழு" என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டுச்சேலையில் கௌரி அன்ரி இறங்கினார். பின்னாலேயே ஒரு டஜன் அன்ரி, அங்கிள்மார்.

"அன்ரி, மேல் கட்டம். மறந்துடாதீங்க."

"எல்லாம் விளங்குது பிள்ளை" என்று அன்ரி கண்ணைச் சிமிட்டினார்.

வெளியே வரும்போது ஓர் அங்கிள் என்னைப் பார்த்து ஒற்றை விரலை உயர்த்தி, "ஒண்டு!" என்றார். எனக்கு உயிர் வந்தது. மேல் கட்டத்தைத்தான் சொல்கிறார் என்று நம்பினேன். வேன்கள் வந்துகொண்டே இருந்தன. ஹெலன் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உங்கள் மக்கள் தங்கம்! நாம் ஜெயிக்கப் போகிறோம்!" அவர் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

ஓட்டு எண்ணும்போது வேட்பாளர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது. எங்கள் சார்பில் ரகு போய் நின்றார். சாயங்காலம் போன் வந்தது. குரலைத் தணித்துப் பேசினார்.

"சுமதி, உனக்கு இவ்வளவு செல்வாக்கா?"

"என்ன உளர்றீங்க?"

"கட்டுக் கட்டா வருது. கோட்டுக்குக் கீழே உன் பேருக்கு நேரா ஒரு 1. அதோட சரி. வேற எதுவுமே இல்ல. எல்லாத்தையும் செல்லாத ஓட்டுப் பக்கம் வைக்கிறாங்க."

"கோட்டுக்கு மேலே?"

"சுத்தமா விட்டிருக்காங்க. ஒண்ணுல மட்டும் உச்சியில பிள்ளையார் சுழி இருக்கு. இன்னொண்ணுல 'நல்லா இரு பிள்ளை'ன்னு எழுதியிருக்கு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு சுமதி, அதைச் சொல்லியாகணும்."

முழு முடிவு வருவதற்குள் இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கவுன்சிலில் எங்கள் பகுதிக்கு இருந்த இடங்களில் கடைசியை வீட்டுத் தரகரிடம் ஹெலன் இழந்தார். தோற்ற வித்தியாசம், என் பெயரால் செல்லாமல் போன ஓட்டுகளில் பாதிகூட இல்லை. எத்தனை காலைகள் அந்த மனுஷி வெயிலிலும் மழையிலும் என் பிள்ளைக்காக அங்கே நின்றார்! என் அருமை பெருமையால் கவிழ்ந்துபோனார். அவர் வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொல்லும்போது நான் நிஜமாகவே அழுதேன்.

ஹெலன் நிதானமாகக் கேட்டார். "அவர்களிடம் வேண்டாம் என்று நீ சொல்லவே இல்லையா?"

"சொன்னேன். அதனால்தான் போட்டார்கள்."

"சரி, நான் முதலில் வந்து கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றாயே. அதற்கு என்ன அர்த்தம்?"

"முடியாது என்று அர்த்தம்."

ஹெலன் கதவை மெதுவாகச் சாத்தினார். ஓங்கி அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதே வேகத்தில் கௌரி அன்ரி வீட்டுக்குப் போனேன். "நான் வேண்டாம்னுதானே அன்ரி சொன்னேன்? தலை தலையா அடிச்சுக்கிட்டேனே?"

"ஓம், சொன்னனீதான்" என்றார், தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் திணித்தபடி. "நல்ல பிள்ளையெண்டால் வேற என்னத்தைச் சொல்லும்? எனக்கு வேணும் எண்டே கேக்கும்?"

தேத்தண்ணி வேண்டாம் என்றேன். இன்னொரு கரண்டி சீனி போட்டார்.

ஆனால் எண்ணும் இடத்தில் அந்தக் கட்டுகளை வீட்டுத் தரகரின் ஆட்களும் பார்த்திருந்தார்கள். ஒரே ஒரு பெயருக்காக இவ்வளவு பேர் ஓட்டையே வீணாக்கத் தயார் என்றால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருக்க வேண்டும். பொங்கல் விழாவுக்கு, வேட்டிக்கு மேல் பேண்ட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். "உங்கள் தலைவி சுமதியின் கோரிக்கையை ஏற்று" பள்ளிக்கு முன்னால் பாதசாரிக் கடவை போடப்படும் என்று அறிவித்தார். நான் அவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹெலன் ஆண்டுக்கணக்கில் எழுதிக் கிடைக்காத வெள்ளைக்கோடு, சில மாதங்களில் வந்துவிட்டது. திறப்பு விழாவில் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்துவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகைப் படத்தில் திருடி மாதிரி நிற்கிறேன்.

பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் கடக்கிறார்கள். ஹெலன் மட்டும் இன்றுவரை அதில் கால் வைக்கவில்லை. பத்தடி தள்ளி, கையைக் காட்டிக் காரை நிறுத்தித்தான் கடக்கிறார்.

வீட்டில் என் கருத்துக்குச் 'செல்லாத ஓட்டு' என்று பெயர் நிலைத்துவிட்டது. எந்தப் படம் பார்ப்பது, விடுமுறைக்கு எங்கே போவது என்று நான் வாயைத் திறந்தாலே மகன், "மம்ஸ் வோட் டஸின்ட் கவுன்ட்" என்பான். ரகு மறக்காமல் விசில் அடிப்பார்.

அடுத்த தேர்தல் வரப்போகிறது. ஹெலன் மறுபடியும் நிற்கிறார். தான் நடக்காத அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு விளக்கு வேண்டுமாம். குழுவில் என் பெயர் இல்லை. (அதை முதல் வேலையாக உறுதி செய்துகொண்டார்.) ஆனால் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, தமிழில் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொடுக்கச் சொன்னார். ஒரு வாரம் விடாமல் சொல்லிப் பார்த்தார். போன மாதம் தமிழ்ப் பள்ளி விழாவில் மேடையேறி, மைக்கைப் பிடித்து, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"எனக்குப் பதவி வேண்டாம்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்தில் கௌரி அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம் மனுசி, எவ்வளவு அடக்கம்! இந்த முறை எங்கடை வோட்டு முழுக்க இவவுக்குத்தான்."

ஹெலனுக்கு நான் பட்ட கடன் தீர்ந்தது என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆனாலும் கேட்டு வைத்தேன். "மேல் கட்டத்துலதானே அன்ரி?"

"மேலை என்னத்துக்கு? இவவின்ரை பேருக்கு நேரை ஒரே ஒரு ஒண்டு" என்றார் அன்ரி. "வேற ஒருத்தருக்கும் இல்லை."