நீர்யானை இல்லாத ஒரு சால்வை

என் வீட்டுக்காரரின் ஒரே தங்கையும், என் ஞாபகத்தை விட்டு ஒருநாளும் இறங்காதவளுமான நாத்தனாருக்கு அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம், இந்த ஊரில் அதுவே பெரிய விஷயம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உன் உடம்புவாகு அப்படி.

போனில் சொல்லித் தொலைக்காமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால், நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம், "சரி அண்ணி, அடுப்புல ஏதோ வச்சிருக்கேன்"னு வச்சுடுவ. இத்தனை வருஷமா உன் அடுப்பில் அப்படி என்னதான் இருக்கிறதோ, ஒருநாளும் அது வெந்து இறங்கினதாகத் தெரியவில்லை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எழுத்துப் பிழை இருக்கும். நான் படித்தது அஞ்சாவது, அதுவும் முழுசாக இல்லை. பிழையை விட்டுவிட்டு விஷயத்தைப் படி.

விஷயம் என்னவென்றால், சனிக்கிழமை நீ உன் மகளோடு இருக்க விமானம் ஏறிப் போகிறாய், ஞாயிற்றுக்கிழமை நான் ஊர் திரும்புகிறேன். என் மகனுக்கு லீவு இந்த வாரம்தான் கிடைத்தது, அவன் முதலாளிக்கு நீ ஊரை விட்டுப் போவது தெரியாது. போகிறவள் ஒரு மாசம் இருந்துவிட்டு வருகிறவளா? வீட்டையே காலி செய்துவிட்டுப் போகிறவள். வழியனுப்பக்கூட நான் இருக்க மாட்டேன். அதனால்தான் நான் இங்கே கிளம்பின அன்று உன்னை வாசலில் நிறுத்தி, "உனக்கு என்ன வேணும், சொல்லு, வாங்கி அனுப்பறேன்" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "எனக்கு ஒண்ணும் வேணாம் அண்ணி. நீங்க சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ குடுங்க, அங்க சுவத்துல மாட்டிக்கறேன். நாப்பது வருஷத்துல ஒரு போட்டோலகூட உங்க பல்லு தெரியல." எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். டாக்சிக்காரன்கூடச் சிரித்தான், அவனுக்கு என்ன தெரியும்? உன் கல்யாணத்தன்று, நீ பச்சை கட்டியிருந்தாய், உன் சித்தி மாம்பழ மஞ்சளில் வந்து நின்று, "அண்ணிக்காரி உயரம், அவ பின்னாடி நிக்கட்டும்" என்று என்னைப் பின்வரிசைக்குத் தள்ளினாள். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். வாயைத் திறந்தாயா? அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் என் இடம் பின்வரிசை, முன்னால் நிற்பவனின் காதுக்கு மேலே என் மூக்கு. பின்னாடி நின்று தனியாகச் சிரித்தால் பைத்தியம் என்பார்கள். பல் எங்கே தெரியும்?

அதனால் போட்டோவாவது ஒன்றாவது என்று விட்டுவிட்டு, நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். உன் மகள் இருக்கிற இடம் எலும்பு நடுங்கும் குளிராமே. உனக்கு ஒரு நல்ல கம்பளிச் சால்வை. எப்பேர்ப்பட்ட சால்வை என்றால், அதைப் போர்த்தும்போதெல்லாம் உனக்கு அந்த சோப்பு டப்பா ஞாபகம் வர வேண்டும். எந்த சோப்பு டப்பா என்று கேட்காதே. நீயும் உன் வீட்டுக்காரரும் சுற்றுலா போய் வந்த வருஷம், உன் ஓரகத்திக்குக் கைப்பை, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பூப்போட்ட குடை, எனக்கு மட்டும் மூடி மூடாத சோப்பு டப்பா. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் எழும்பும். உங்கண்ணன் இருந்தவரைக்கும் தினம் காலையில் அதை அழுத்திப் பார்ப்பார். அவரும் போனார், டப்பா மூடவே இல்லை.

பேத்திக்குத் தண்ணீர் விளையாட்டுப் பார்க் காட்டத்தான் மகன் எங்களை இந்த ஊருக்குக் கூட்டி வந்திருக்கிறான், அவனிடம் சொன்னேன். "கவலையே படாதீங்கம்மா. பார்க்கைச் சுத்திக் கடைங்கதான். எது நல்ல கடைன்னு போன்லயே இருக்கு, அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க" என்றான். யார் போட்டது என்றேன். வாங்கினவர்கள் போட்டதாம். "ஏமாந்தவன் ஏமாந்தேன்னு வெளிய சொல்லுவானாடா?" என்றேன். அம்மாவுக்கு எதிலும் சந்தேகம் என்று மருமகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். எனக்குக் கண் மங்கல்தான், ஆனால் இதெல்லாம் தெரியும்.

அந்த அஞ்சு நட்சத்திரக் கடை பார்க் வாசலிலேயே இருக்கிறது. உள்ளே நுழைந்தால் நீர்யானை. இந்தப் பார்க்குக்கு அதுதான் அடையாளமாம், தொப்பி போட்டுக்கொண்டு ஈயென்று இளிக்கிற நீர்யானை. பனியனில் நீர்யானை, பையில் நீர்யானை, தண்ணி பாட்டிலில் நீர்யானை, குழந்தைகளின் ஜட்டியில் பின்பக்கம் நீர்யானை. கல்லா அருகே நின்ற பெண்ணிடம் சால்வை இருக்கிறதா என்று கேட்டேன்.

"துண்டு இருக்கு பாட்டி."

"துண்டு இல்லம்மா, குளிருக்குப் போத்திக்கிறது."

"இங்க குளிராதே பாட்டி."

"இங்க குளிராதுன்னு வேர்வை ஊத்துற எனக்குத் தெரியாதா? என் நாத்தனார் போற இடத்துல குளிரும்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்களுக்கு நீர்யானை புடிக்குமா?" என்று கேட்டாள். சொந்தக்காரர்களைப் பற்றி வெளியாளிடம் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

சரி, இது போகட்டும், அடுத்த கடை என்று மகன் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பார்க்கின் மதிலை ஒட்டி, நிழலுக்கு ஒரு மரம் இல்லாத ரோட்டில், மருமகள் ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம், நடுவில் நான், என் முட்டி தனியாக ஒரு பக்கம். போனுக்குள் இருக்கிற பொம்பளை இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று மாமியார் மாதிரி அதட்டிக்கொண்டே வந்து, கடைசியில் "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றாள். எங்கே? அதே பார்க்கின் பின்வாசல். குப்பைத்தொட்டி ஓரமாக ஒரு ஆள் கழுத்து வரைக்கும் நீர்யானையாக உட்கார்ந்து, தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கத்தில் நல்ல கடை எங்கே என்று கேட்டேன். "நானா? வேலை முடிஞ்சதும் பஸ் ஏறி எங்க ஊர்லதான் பாட்டி எல்லாம் வாங்குவேன். இங்க ஒரு சோடாகூடக் குடிக்க மாட்டேன்" என்றான். மூன்று நாளில் நான் பார்த்த ஒரே யோக்கியன் அந்த நீர்யானைதான்.

அப்புறம்தான் அந்தக் கொடுமை நடந்தது. டிக்கெட் வாங்கியாச்சே, வீணாக்கக் கூடாது என்று மகன் எல்லாரையும் பார்க்குக்குள் கூட்டிப் போனான். பேத்தி தண்ணீரில் விளையாடப் போனாள், அவள் பின்னால் அம்மாவும் அப்பாவும். "அத்தை, நீங்க இந்த பெஞ்ச்லயே இருங்க, எங்கயும் போயிடாதீங்க" என்று மருமகள் என்னை மூட்டை மாதிரி இறக்கி வைத்துவிட்டுப் போனாள். எதிரே பார்த்தால் ஒரு பெரிய வரிசை. கயிறு கட்டி, வளைத்து வளைத்து விட்டிருக்கிறார்கள், ஜனம் நெருக்கியடித்து நிற்கிறது. என் கொள்கை உனக்குத் தெரியும். கூட்டம் இல்லாத கடையில் நான் ஊசிகூட வாங்க மாட்டேன். இவ்வளவு பேர் வெயிலில் கால் கடுக்க நிற்கிறார்கள் என்றால் உள்ளே சரக்கு எப்படி இருக்க வேண்டும்? போய் நின்றேன்.

நின்றேன் நின்றேன், உன் சித்தியின் ஆயுள் அளவுக்கு நீண்ட வரிசை. வாசலில் ஒரு பையன் ஒரு கோலை வைத்து ஒவ்வொருவர் உயரத்தையும் அளந்து உள்ளே விட்டான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அளந்து கொடுக்கிற கடை! "எனக்கு இல்லப்பா, என்னைவிட ஒரு சாண் குள்ளமா ஒருத்திக்கு" என்று சொன்னேன். "நீங்க தாராளமா போலாம் பாட்டி" என்றான். உள்ளே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், துணி அழுக்காகக் கூடாது என்று நினைத்துக் கழற்றினேன். கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள், அதுதான் கொஞ்சம் இடித்தது, கண்ணாடி இல்லாமல் கம்பளியை எப்படிப் பார்ப்பது? கையால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதையும் கொடுத்தேன். உட்கார நல்ல மெத்தை நாற்காலி. பெரிய ஜவுளிக்கடைகளில் உட்கார வைத்துத்தான் எடுத்துப் போடுவார்கள் என்று சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு இரும்புக் கம்பி வந்து மடியில் பூட்டிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்? மேலே ஏறியது, ஏறியது, சாமி குடியிருக்கிற உயரத்துக்கு ஏறியது, அங்கே கொஞ்சம் நின்று யோசித்தது, பிறகு என்னைக் கீழே போட்டது. என் குடல் மேலேயே தங்கிவிட்டது. பக்கத்தில் மலை மாதிரி ஒரு மீசைக்காரர், வழி முழுக்க "அம்மா, அம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உயிர் போகிற நேரத்தில் கடவுள் பேர் வாயில் வரும் என்பார்கள். என் வாயில் உன் பேர் வந்தது. கூடவே வந்த வார்த்தைகளைக் கடிதத்தில் எழுத முடியாது.

தட்டுத்தடுமாறி இறங்கி வெளியே வந்தால், வழி நேராக எங்கே போய் விடுகிறது? நீர்யானைக் கடை! எதில் ஏறி இறங்கினாலும் கடை வழியாகத்தான் வெளியே வர முடியும், அப்படிக் கட்டியிருக்கிறார்கள் பாவிகள். அங்கே சுவரில் டிவி மாதிரி வைத்து, கீழே விழும்போது ஒவ்வொருவர் மூஞ்சியும் எப்படி இருந்தது என்று போட்டோ பிடித்துக் காட்டுகிறார்கள். அதை விற்கவும் செய்கிறார்கள். என்னைத் தேடிக்கொண்டு ஓடிவந்த மகன் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நீங்களா?" என்றான். கண்ணை இறுக்கி மூடி, வாய் குகை மாதிரி. "அழிக்கச் சொல்லுடா முதல்ல" என்றேன். அந்த ராட்சச வண்டி இருக்கிற திசையில்கூட இனித் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தேன்.

கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது. நாங்கள் தங்கியிருக்கும் லாட்ஜில் அறை கூட்ட வருகிற பெண், "பின்சந்துல ஒரு கடை இருக்கும்மா, உள்ளூர்க்காரங்க எல்லாம் அங்கதான் வாங்குவோம்" என்று ரகசியம் மாதிரி சொன்னாள். போனோம். சைக்கிள் பழுது பார்க்கிற கடைக்கும் சலூனுக்கும் நடுவில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் அவளுடைய மச்சானாம், அது பிறகு தெரிந்தது. ஆனால் மேல் தட்டிலிருந்து ஒரு சால்வையை எடுத்துப் போட்டார் பார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராத்திரி வானம் மாதிரி நீலம். கையில் எடுத்தால் பூனைக்குட்டி. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், குத்தவில்லை. பேரம்கூடப் பேசாமல் வாங்கினேன், மருமகள் மயங்கி விழாத குறை. அறைக்கு வந்து மடிப்பைப் பிரித்தால், ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, தொப்பி போட்டுக்கொண்டு, ஈயென்று.

ஓடினேன். "பார்க்குல மிஞ்சின சரக்குதான்மா எனக்கு வரும்" என்றார் கடைக்காரர். திருப்பி எடுக்க மாட்டாராம். தையலைப் பிரித்துவிடலாம் என்று ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல்லைப் பிரித்தால் கம்பளியில் ஓட்டை விழுகிறது.

ஆக, எல்லாம் முடிந்தது. நாளை கூரியர் போனால்தான் சனிக்கிழமைக்குள் உன் கையில் சேரும். அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. இந்தச் சால்வையை அனுப்ப மாட்டேன், கண்டவர்கள் ஊரில் நீ அதைக் காட்டி "எங்க அண்ணி குடுத்தது" என்று சிரிக்க நான் இடம் கொடுக்க மாட்டேன். நாற்பது வருஷம் காத்திருந்து, நீ போகிற நேரத்தில் வெறுங்கையாக நிற்கிறேன். நீதான் ஜெயித்தாய். எப்போதும் நீதான் ஜெயிப்பாய்.

குளிரில் காலுறை போடாமல் நடக்காதே. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பு. உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி முழுசாக, மிச்சம் இருந்தால் உனக்கு.

இப்படிக்கு,
எந்தப் போட்டோவிலும் முன்னால் நிற்க வைக்கப்படாத
உன் அண்ணி

பின்குறிப்பு: பொட்டலத்தைப் பிரித்து ஆச்சரியப்படாதே. உள்ளே ஒரு கண்ணாடிச் சட்டம் இருக்கிறது, உடையாமல் சுற்றி அனுப்ப வேறு துணி இல்லாததால்தான் அந்தச் சால்வையில் சுற்றினேன். மற்றபடி அது உனக்காக இல்லை. நீர்யானை உள்பக்கமாக வரும்படி போர்த்திக்கொள். இன்று காலை எல்லாரும் தண்ணீருக்குப் போன பிறகு நான் அந்த வரிசையில் போய் நின்றேன், இந்தத் தடவை எதற்கு நிற்கிறோம் என்று தெரிந்தே. கோல் வைத்திருந்த பையன், "பாட்டி, அந்தக் குள்ளமானவங்க வரலையா?" என்றான். ஊருக்குப் போகிறாள் என்றேன். முதல் தடவை மறுபடி கண்ணை மூடிவிட்டேன். அடுத்த தடவை முடி பறந்து மூஞ்சியை மறைத்துவிட்டது. அப்புறம் எத்தனை தடவை என்று கேட்காதே, மகனுக்குத் தெரியாது. கடைசியில் சரியாக விழுந்தது. எல்லாப் பல்லும் தெரிகிறது, கட்டின பல் உட்பட. மருமகள் அதை அலறல் என்கிறாள், நான் சிரிப்பு என்கிறேன், கேட்டவள் நீ, நீயே முடிவு செய். சட்டத்தைச் சுற்றி நீர்யானை, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நன்றாகப் பார், எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று. முதல் வரிசை. கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். பக்கத்து இடம் காலியாக இருக்கிறது, அதுவும் கேட்டு வாங்கினதுதான். சோப்பு டப்பா என்னிடமே இருக்கிறது. இன்னும் மூடவில்லை. நீ வந்து அழுத்திப் பார்க்கிறவரைக்கும் அதைத் தூக்கிப் போட மாட்டேன்.