அதுவாகவே நிமிரும்

முப்பத்து நான்கு ஆண்டுகள் படகுகளுக்கு உரிமம் கொடுத்தவன் நான். அத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூடப் பாய்மரப் படகில் கால் வைத்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படகின் நீளம், அகலம், இயந்திர எண், உயிர்காப்புச் சட்டைகளின் எண்ணிக்கை எல்லாம் என் மேசைக்கு வரும். படகு வராது. அது வரத் தேவையில்லை என்பதுதான் நடைமுறை.

ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே தொலைக்காட்சியில் பாய்மரப் படகுப் போட்டி பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. மற்றவர்கள் படகைப் பார்ப்பார்கள். நான் விதிகளைப் பார்ப்பேன். யாருக்கு முன்னுரிமை, யார் எல்லைக்கோட்டை மீறினார், யார் எதிர்ப்பு மனு கொடுக்கத் தகுதி பெறுகிறார் என்று என் மனைவி பத்மாவுக்கு நேர்முக வர்ணனை செய்வேன். (அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.)

இந்த ரசிகர் உலகத்தில் இரண்டு கட்சிகள். ஒரே உடல் கொண்ட, அடியில் 'கீல்' என்னும் கனமான இரும்புத் தகடு தொங்கும் பழைய பாணிப் படகுதான் படகு என்பது மோனோஹல் கட்சி. இரண்டு ஒல்லி உடல்களை இணைத்து, காற்றாய்ப் பறக்கும் கேட்டமரான்தான் எதிர்காலம் என்பது மற்றது. நான் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. உரிமப் படிவத்தில் 'உடல்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

என் மகள் ஷாலினி ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதன் பாய்மரக் குழுவில் இருந்தாள். அங்கே பழக்கமானவன் பிரகாஷ். இருவரும் சிங்கப்பூரில் வேலைக்குப் போன பிறகு, கல்யாணம் பேச அவனுடைய பெற்றோர் பத்து பாகாட்டிலிருந்து தெப்ராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா துரைராஜ், துணித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வசந்தா, சாந்தமே உருவானவர். சாப்பிட்டு, தேதி பேசி, தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்வதாகத் திட்டம். பத்மா வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு சிவப்பு ரவிக்கைத் துணி எல்லாம் வைத்துத் தட்டைத் தயாராக வைத்திருந்தாள்.

தொலைக்காட்சியை நான் அணைத்திருக்க வேண்டும். சத்தத்தை மட்டும்தான் குறைத்திருந்தேன்.

"அட, ரேஸா?" என்றார் துரைராஜ், உட்காரும் முன்பே. "இதெல்லாம் பழைய பெட்டியில்ல? கேட்டமரான் பாருங்க சார். தண்ணியத் தொடாம பறக்கும்!"

"பறக்கணும்னா விமானத்துக்கு லைசென்ஸ் எடுக்கட்டும்" என்றேன்.

"பேரே நம்ம பேரு சார்! கட்டுமரம்! நம்மாளுங்க உலகத்துக்குக் கொடுத்தது. நீங்க தமிழர்தானே?"

"கட்டுமரம்னா மரத்தச் சேத்துக் கட்டுறது. ரெண்டு படகுக்கு நடுவுல வலை போட்டு உக்காந்துக்கறது இல்ல."

துரைராஜ் தட்டிலிருந்து இரண்டு வாழைப்பழங்களை எடுத்தார். மேசைமேல் இணையாக வைத்து, குறுக்கே ஒரு வெற்றிலையைப் போட்டார். "இது கேட்டமரான். அகலம் பாத்தீங்களா? அசையாது." நான் விடுவேனா? ஒரு பழத்தை எடுத்து, அடியில் கொட்டைப்பாக்கைச் செருகினேன். "இது மோனோஹல். பாக்குதான் கீல். கவிழ்ந்துச்சுன்னா அதுவா நிமிரும். உங்களது கவிழ்ந்தா கிரேன் வரணும்." அவர் என் படகை எடுத்து, நிதானமாக உரித்து, தின்றுவிட்டார்.

பத்மாவும் வசந்தாவும் தட்டு கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "நீங்க துணி மில்லுல இருந்தவரு. காத்தடிச்சா பறக்குறது துணி. படகு மிதக்கணும்."

துரைராஜ் எழுந்தார். வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தார். "தட்ட அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். பத்து பாகாட் கார் கிளம்பிப் போயிற்று.

அன்றிரவு சிங்கப்பூரிலிருந்து வந்த ஷாலினி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. "ப்பா, ஏழு வருசமா நாங்க பேசி வச்சத நீங்க ஒரு வாழைப்பழத்துல முடிச்சிட்டீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. பத்மா எனக்குத் தேநீரைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் பிள்ளைகள் இருவருமே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூரைப் பார்த்த நீரிணைக் கரையில் ஒரு சிறிய பாய்மரக் கழகம். ஞாயிறு காலை அங்கே இரண்டு படகுகள். ஒன்றில் பிரகாஷும் அவன் அப்பாவும், மற்றதில் ஷாலினியும் நானும். ஆரஞ்சு மிதவையைச் சுற்றிவிட்டு வர வேண்டும். பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு, தட்டு.

"ப்பா, நாம தோக்கப் போறோம்" என்று ஷாலினி காரிலேயே சொல்லிவிட்டாள். "அவங்களோடது ரெண்டு மடங்கு ஸ்பீடு. தோத்துட்டு, 'நல்ல படகுங்க'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அவ்ளோதான். என் கல்யாணம் அந்த ரெண்டு வார்த்தையிலதான் இருக்கு."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் முறையாகத் தோற்க வேண்டும் அல்லவா? அலை ஏற்ற இறக்க அட்டவணை, மூன்று பக்கப் போட்டி விதிகள், விசில் ஒன்று. விதிகளைத் தண்ணீர் புகாமல் லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எதிர்ப்பு தெரிவிக்கச் சிவப்புக் கொடி வேண்டும் என்று விதியில் இருந்தது. கடைகளில் கிடைக்கவில்லை. புறப்படும்போது பத்மா புதிதாக அடுக்கிய தட்டில் சிவப்பு ரவிக்கைத் துணி கண்ணில் பட்டது. (ஒரு மணி நேரத்தில் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கோப்பிலிருந்து தாளை எடுத்தவர்கள் எல்லோரும் என்னிடம் அதைத்தான் சொல்வார்கள்.)

படித்துறையில் பத்மாவும் வசந்தாவும் குடை பிடித்து நின்றார்கள். காவலுக்கு ரப்பர் படகில் பயிற்றுநர் கைருல். துரைராஜ் எனக்கு அளவாகத் தலையசைத்தார்.

புறப்பட்டோம். கேட்டமரான் விசுக்கென்று போய்விட்டது. நாங்கள் பாதித் தூரம் போவதற்குள் அது மிதவையைச் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தது. எங்கள் பாய்க்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தது, அவர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து. விதிப்படி எங்களுக்கே முன்னுரிமை. கேட்டமரான் எங்கள் முன்னால் குறுக்கே கடந்தது.

எவ்வளவு இடைவெளி என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு முழம் என்பேன் நான். ஒரு பேருந்து போயிருக்கும் என்கிறாள் ஷாலினி.

"புரொட்டெஸ்ட்!" என்று கத்தியபடி எழுந்து நின்றேன்.

"ப்பா, உக்காருங்க! ப்பா!"

சட்டைப் பையிலிருந்து ரவிக்கைத் துணியை உருவி உயரே வீசினேன். படித்துறையிலிருந்து பத்மாவின் குரல் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. "ஐயய்யோ, அது நான் தட்டுல வச்ச துணி!" திரும்பிப் பார்த்தேன். படகும் என்னோடு திரும்பியது.

(சிறிய படகுகளுக்குக் கொடி தேவையில்லை, வாயால் சொன்னால் போதும் என்பது அதே விதியின் அடுத்த வரி. அந்த வரி விழுந்த அடுத்த பக்கத்தை நான் லேமினேட் செய்யவில்லை.)

தலை வெளியே வந்தபோது உயிர்காப்புச் சட்டை என்னைத் தக்கைபோல் நிறுத்தியிருந்தது. படகு பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. ஷாலினி ஏற்கெனவே அதன் அடிப்பக்கம் நீந்திப் போய்விட்டாள். "அடிப் பலகையில ஏறி நின்னா ரெண்டு நிமிசத்துல நிமித்திடுவேன் ப்பா."

"தொடாதே!" என்றேன். "அதுவா நிமிரும்!"

"என்னது?"

"மோனோஹல். அதுவாகவே நிமிரும். அவரு பாக்கட்டும்."

மகள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வியப்புதான் இருந்தது. அந்த அரை நிமிடத்தில் படகு தன் போக்கில் முழுவதுமாகத் தலைகீழாகத் திரும்பியது. பாய்மரம் நீரிணையின் சேற்றில் இதமாகக் குத்தி நின்றது.

"ப்பா, இது சின்னப் படகு. கீலே கிடையாது. அடியில வெறும் பலகைதான். எடையே இல்ல."

முப்பத்து நான்கு ஆண்டு அனுபவத்தில் எனக்கு யாரும் சொல்லாத தகவல் அது. படிவத்தின் எந்தக் கட்டத்திலும் நான் அதைக் கேட்டதும் இல்லை.

கேட்டமரான் வளைந்து வந்து பக்கத்தில் நின்றது. "அலமாக்! அங்கிள், ஓகே லா?" என்று தூரத்திலிருந்து கைருல் கத்தினார். துரைராஜ் வலைமேல் குப்புறப் படுத்து எனக்குக் கை நீட்டினார். சிரிக்கவில்லை. அது மேலும் கொடுமை.

"பிடிங்க சார்."

"வேணாம்" என்றேன், வாயில் உப்புத் தண்ணீருடன். "வெளி உதவி வாங்கினா தகுதி இழப்பு. ரெண்டாம் பக்கம், கடைசிப் பத்தி." கழுத்திலிருந்த தாளை அவருக்கு எடுத்துக் காட்டவும் செய்தேன்.

ஷாலினி கண்ணை மூடிக்கொண்டாள். பிரகாஷ் பாயைப் பார்த்தான். துரைராஜ் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கி, அந்தப் பத்தியைக் கடைசிவரை படித்தார். இவ்வளவு பொறுமையாக என் விதிகளை யாரும் படித்ததில்லை.

"வெளியாள் உதவக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்ப சரி. நான் என்ன வெளியாளா? கையக் கொடுங்க, சம்பந்தி."

முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு விதிக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. கையைக் கொடுத்தேன். அவரும் பிரகாஷும் இழுத்து, என்னை மீன்போல வலையில் போட்டார்கள்.

"நல்ல படகுங்க" என்றேன். ஷாலினிக்குக் கொடுத்த வாக்கு.

"துணி மில்லுக்காரன் படகு" என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல்.

"அன்னிக்கி நான் பேசினது தப்பு, சம்பந்தி."

"தப்புதான்" என்றார். பிறகுதான் சிரித்தார். கரை சேரும்வரை நிறுத்தவில்லை.

ரவிக்கைத் துணி எப்படியோ என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. பத்மா வாயைத் திறக்கும் முன்னே வசந்தா அதை அவிழ்த்தெடுத்தார். "எப்படியும் எங்களுக்கு வரவேண்டியதுதானே?" என்று நீரைப் பிழிந்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தேதி கார் நிறுத்துமிடத்திலேயே முடிவாயிற்று. வீட்டில் வைத்து மாற்றிய தட்டில் ரவிக்கைத் துணி இல்லை. யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இரு குடும்பங்களிலும் எது விழுந்தாலும் யாரும் எடுப்பதில்லை. கண்ணாடிக் குவளை, கல்யாணத்தன்று என் தலைப்பாகை, சம்பந்தி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள், எதுவானாலும் உடனே ஒரு குரல் எழும். "தொடாதீங்க, அதுவா நிமிரும்!"

போன மாதம் என் பேத்தி நடக்கப் பழகினாள். கூடத்தில் நான்கு அடி வைத்துத் தொப்பென்று விழுந்தாள். துரைராஜ் வழக்கம்போல் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாரும் தொடாதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி தரையைச் சற்று நேரம் ஆராய்ந்தாள். பிறகு நனைந்து கனத்த டயப்பரை மெல்ல உயர்த்தி, ஆடி, அசைந்து, தானாகவே எழுந்து நின்றாள்.

"ஒரே உடல்" என்றேன் நான். "எடை அடியில."

சம்பந்தி இன்னும் பதில் சொல்லவில்லை. எழுத்துமூலம் தரும்படி கேட்டிருக்கிறேன்.