வெற்றுத்திரைப் படலம்

“ம்மா, கேட்டா சாமி பதில் சொல்லும்னு சொன்னியே, அப்புறம் இன்னாத்துக்கு உடனே சொல்ல மாட்டேங்குது?” என்று ஸ்ரீபெரும்பூதூர்க் கோயில் வரிசையில் ஒரு சிறுமி ஒருநாள் கேட்டாள். வரிசை நகர்ந்துவிட்டதால் தாய் அவளை இழுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். ஆயினும், அனுப்பிய சொல் வழியில் எங்கே தங்கிவிடுகிறது என்னும் அப்பெருங்கேள்வியோடு மல்லுக்கட்டவென்றே ஒரு வீரன் பிறந்து, வளர்ந்து, டிப்ளமோவும் முடித்து, ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

வாழ்க வசந்தன்! சி என்னும் ஓரெழுத்துக் கணினிமொழியில் வல்லவன். வரிமுடிவில் அரைப்புள்ளி மறவாதவன். நீலநாடாவில் தொங்கும் அடையாள அட்டை மார்பில் வெற்றிமாலையெனப் புரள நடப்பவன். கம்பெனி பஸ்ஸின் குலுக்கலில் ஒரு துளி சட்னியும் சிந்தாமல் இட்லி உண்ணும் தவவலிமை வாய்ந்தவன். அவன் புகழ் வாலாஜாபாத் வரை பரவுக!

கார்விளக்குச் சர்க்யூட்டுகளைச் சோதிக்கும் லைனுக்காக அவ்வீரன் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். ஒவ்வொரு சர்க்யூட்டும் சோதனையில் வென்றால் ‘தேறியது’ என்று ஒரு வரி சொல்வதே அதன் பிறவிப்பயன். யூனிக்ஸ் என்னும் கணினி நாட்டு வழக்கப்படி, ஒரு புரோகிராம் சொல்வதைப் பைப் என்னும் குழாய் வழியே இன்னொன்றின் காதில் ஊற்றலாம். ஆகவே, அவ்வரிகளை எண்ணி லைனின் உச்சியில் தொங்கும் பெருந்திரையில் காட்டும் வேறொரு புரோகிராமோடு அதைக் குழாயிட்டு இணைத்து, பிள்ளையாரை நினைத்து, என்டர் தட்டினான்.

திரையில் பூஜ்யம் எழுந்தது. எழுந்தது எழுந்தபடியே நின்றது.

அத்திரையின் கீழே, விரைந்த விரல்களை உடைய காந்திமதி சர்க்யூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே தோன்றினார், தென்சீமை தந்த சூப்பர்வைசர், இடிக்குரல் வனமாமலை.

“ஏம்மா காந்திமதி, திரையில முட்டையில்லா நிக்கி! கையைக் கட்டிக்கிட்டு இருக்கியளோ?”

“நான் இன்னா சார் பண்றது? பீஸு போய்க்கினேதான் கீது. திரைதான் மவுன விரதம்!”

அந்த லைனில் ஒரு கொடிய வழக்கம் உண்டு. வேலையில் சுணங்கியவர் பெயரைச் சூப்பர்வைசர் சுவரிலுள்ள வெள்ளைப்பலகையில் எழுதுவார். ஷிஃப்ட் முடிவில் மேனேஜர் அதைப் பார்ப்பார். பெயருக்குரியவர் மறுநாள் முதல் பேக்கிங்கில், எட்டு மணிநேரமும் நின்றபடி, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவார். காந்திமதிக்கோ இடது முழங்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

‘தப்பு இவனுடையது’ என்று அவர் வசந்தனைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. “புள்ள பாத்துக்கினு கீது, சரியாய்டும் சார்” என்றார். தன் ஸ்டூலையும் அவன்பக்கம் தள்ளி, “குந்து சார், நின்னுக்கினே யோசிச்சா மூளை காலுக்கு எறங்கிடும்” என்று சொல்லிவிட்டு, வீங்கிய காலோடு நின்றே வேலையைத் தொடர்ந்தார்.

மூண்டது போர்! வீரன் குழாயைக் கழற்றிப் புரோகிராமைத் தனியே ஓட்டினான். ‘தேறியது, தேறியது’ என்று மடைதிறந்த வெள்ளமென வரிகள் அவன் லேப்டாப்பில் பாய்ந்தன. குழாயை மாட்டினான், மயான அமைதி. கழற்றினால் கழைக்கூத்தாடும் புரோகிராம், மாட்டினால் மாமியார் வீட்டு மருமகனாய் வாய்மூடியது. சினந்த வீரன், ‘இங்கே வந்தேன்’, ‘இதையும் கடந்தேன்’ என்று சேதி சொல்லும் ஒற்றர்களைப் புரோகிராமின் திருப்பந்தோறும் நிறுத்தி, அதே குழாய் வழியே ஏவினான். போன ஒற்றர் திரும்பவில்லை. கன்ட்ரோல்-சி என்னும் வாளால் அவன் புரோகிராமை வெட்டியபோது, உள்ளே இருந்த ஒற்றர் அத்தனைபேரும் ஒரு சொல்லும் சொல்லாமல் மாண்டனர். பத்துக்கு நூறாய்ப் புதிய ஒற்றர் படையைப் பெருக்கினான். அப்போது நிகழ்ந்தது அந்த விபரீதம்: பூஜ்யத்தில் உறைந்திருந்த திரை, ஒரே தாவலில் ஒரு பெரிய எண்ணுக்குப் பாய்ந்து மறுபடி உறைந்தது.

டீ குடித்துத் திரும்பிய வனமாமலை அதைக் கண்டு காந்திமதியின்மீது பாய்ந்தார்.

“இம்புட்டு நேரம் சும்மா இருந்துட்டு, நான் அங்கிட்டுப் போனதும் மொத்தமா தட்டி விட்டியளாக்கும்? பிழைக்கத் தெரிஞ்ச ஆளுதான்!”

மார்க்கர் கீச்சிட்டது. வெள்ளைப்பலகையில் காந்திமதியின் பெயர் ஏறியது. வீரன் லேப்டாப்பிலேயே தலை கவிழ்ந்தான். காரணமே தெரியாத தப்பை எப்படி ஒப்புக்கொள்வது?

சாப்பாட்டு மணி அடித்து லைன் நின்றது. “விடு சார், புரோகிராம்தானே, எங்க ஓடிடப்போவுது? வா, துன்னுட்டுப் பாக்கலாம்” என்ற காந்திமதி, காலை இழுத்தபடி கூட்டத்தோடு கேண்டீனுக்குப் போனார்.

தனித்து நின்ற வீரன், பிழைச் செய்திகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட வேறு வாசல் வழியாகக் கடைசி ஒற்றன் ஒருவனை அனுப்பினான். ஆகா! கண்ணிமைக்குமுன் அவன் லேப்டாப்பில் வந்து நின்றான். அக்கணமே வீரனின் அகக்கண் திறந்தது. வழியில் ஒருவரும் தொலையவில்லை! மனிதர் பார்க்கும் திரைக்கு வரிவரியாகச் சேதி அனுப்பும் அந்த மொழி, குழாய் என்றதும், ஆள் நிறையும்வரை கிளம்பாத சுங்குவார்சத்திரத்து ஷேர் ஆட்டோவாகிவிடுகிறது. ‘தேறியது’ என்னும் சின்னஞ்சிறு சொற்கள் உள்ளேயே குந்திக் காத்திருந்தன. ஒற்றர் படை ஏறி வண்டியை நிறைத்ததால்தான் எல்லாம் ஒன்றாய் வந்து கொட்டி, ஒரு நிரபராதியின் பெயரைப் பலகையில் ஏற்றிவிட்டது. மேசையில் தனியே ஓட்டிப் பார்த்தே திருப்திப்பட்ட தன் மமதையை எண்ணி வீரன் நாணினான்.

‘இருப்பதை இப்போதே அனுப்பு’ என்று ஆணையிடும் fflush என்னும் ஓரம்பை நாணேற்றி, ஒவ்வொரு ‘தேறியது’க்கும் பின்னே தொடுத்தான். தானே ஒரு சர்க்யூட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தான். திரை ஒன்று என்றது. இன்னொன்று வைத்தான். இரண்டு என்றது. வீழ்ந்தது வெற்றுத்திரை!

முரசு முழங்கவில்லை, பூமாரி பொழியவில்லை, பார்ப்பதற்கு அங்கே ஒரு ஜீவனும் இல்லை. வசந்தன் வெள்ளைப்பலகைக்குப் போனான். கர்சீப்பை எடுத்து, காந்திமதியின் பெயரை ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி துடைத்தான். அந்த இடத்தில், ‘திரை நின்றது புரோகிராம் தப்பு - வசந்தன்’ என்று எழுதி, மார்க்கரை மூடிவைத்தான்.

அவன் கேண்டீனுக்குப் போனபோது சாம்பார் தீர்ந்துபோயிருந்தது, ரசம் ஊற்றிச் சாப்பிட்டான்.