ரயிலேறிப் போன பேசாத தங்கை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் தெரிவிக்கவும்.

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், நான் செய்த முதல் காரியம் எங்கள் வீட்டு வைஃபை பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றியது. கழற்றி, ஒரு துண்டில் சுற்றி, வாஷிங் மெஷினுக்குள் அழுக்குத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டேன். அந்த மெஷினுக்கு மூடி என்று ஒன்று இருப்பதே இந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தோன்றவில்லை. நாற்பத்தாறு வயதில், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது பேரை வேலை வாங்குகிற ஒருத்தி, சொந்த வீட்டில் திருட்டு வேலை பார்க்கிற நிலைக்கு வந்ததற்கு யார் காரணம் என்று கேட்பாய். நீதான். இதைப் போனில் கேட்டால் சிரித்துவிட்டு அண்ணியிடம் கொடுத்துவிடுவாய் என்பதால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகளுக்குப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் இருக்கிற மூன்று தலைமுறையும் சின்ன வயதில் எப்படி டிவி பார்த்தார்கள் என்று விசாரித்து எழுத வேண்டுமாம். முதலில் நம் அப்பாவிடம் போனாள். சின்ன வயதில் டிவியே கிடையாது, பெரியவனான பிறகு பார்த்ததை ஒரு நாளும் தூங்காமல் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். பின்பாதி எவ்வளவு பெரிய பொய் என்பது உனக்கே தெரியும். தலைப்பு இசை முடிவதற்குள் அவர் தலை தோளில் சாய்ந்திருக்கும். எழுப்பினால், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்தான் நன்றாகப் புரிகிறது என்பார். பிறகு என்னிடம் வந்தாள். நான் ஒரு மணி நேரம் அந்தப் புதன்கிழமைத் தொடரைச் சொன்னேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற அக்கா. அவளுக்கு அரையடி பின்னாலேயே எங்கும் வருகிற, ஒரு வார்த்தை பேசாத தங்கை. கடைசி வாரம் வெளியூர் மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா பிளாட்பாரத்திலேயே நின்றுவிட, அந்தத் தங்கை மட்டும் ரயிலேறிப் போனது. பிள்ளை அப்படியே எழுதி வகுப்பில் வாசித்தும்விட்டாள். அவளுடைய டீச்சருக்கு என் வயசு. ஒரு வாரம்கூட விடாமல் அந்தத் தொடரைப் பார்த்தவராம். நோட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார்: "அந்தத் தொடரில் தங்கை கிடையாது."

கிடையாதாம்.

எனக்கு வந்த கோபத்தைவிட என் மகளுக்கு வந்த கோபம் அதிகம். எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க என்று டீச்சரிடமே சொல்லிவிட்டு வந்து, இன்டர்நெட்டில் தோண்டித் துருவி, யாரோ ஒரு புண்ணியவான் பழைய டேப்பிலிருந்து போட்டிருந்த இருபத்தாறு வாரத்தையும் கண்டுபிடித்துவிட்டாள். தினமும் சாயங்காலம் ஒரு வாரக் கதை என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம். நேற்றோடு இருபத்தைந்து முடிந்தது. தங்கை வரவில்லை. அவள் போகட்டும், மற்றதாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கக் கூடாதா? உன் வில்லன் ஒற்றைக் கண்ணன் இல்லை, மூக்குக்கண்ணாடியில் லைட் வெளிச்சம் பட்டிருக்கிறது. எல்லா வாரமும் மழை பெய்வதாகச் சொன்னாயே, ஒரு சொட்டு மழை கிடையாது. ஏன் யாருமே குடை பிடிக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, "அவங்க ஏழைங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? முப்பத்தைந்து வருஷமாக அவர்களுக்காக நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

ஐந்தாவது நாளே பிள்ளை மெதுவாகக் கேட்டாள், "அம்மா, நீ இதையெல்லாம் உன் கண்ணால பாத்தியா?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை, மொட்டைமாடி விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு பழைய சைக்கிள் டியூபால் கட்டிய ஆன்டெனாவை யார் திருப்புவது என்று பேச்சு வந்தபோது, அப்பாவுக்கு ஏணி ஆகாது, அம்மாவுக்கு அடுப்படி, உனக்குத் தொண்டை பெரிது, ஆகவே நீ ஜன்னலுக்கு நான் மாடிக்கு என்று முடிவானது. ஆன்டெனாவுக்கு உன் கைதான் பழக்கம் என்று அப்பா சொன்னதை நம்பி ஒரு வருஷம் பெருமைப்பட்டவள் நான். நான் திருப்ப, நீ ஜன்னலில் இடுப்புவரை வெளியே வந்து, வருது, வருது, போச்சு, டெய்லர் வீட்டுப் பக்கம் திருப்பு, ஐயோ அவ்வளவு இல்ல என்று தெருவுக்கே கேட்கக் கத்த, அந்த டெய்லர் நமக்குப் படம் வந்தால் தனக்குப் போய்விடுகிறது என்று நினைத்துக்கொண்டு தன் மனைவியை மேலே அனுப்ப, அந்த அம்மா அங்கிருந்து என்னை முறைத்துக்கொண்டே அவர்கள் கம்பத்தைத் திருப்ப, கடைசியில் நம் வீட்டில் எப்போது படம் தெளிவாக வந்தது என்றால் நான் கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான். விட்டால் போய்விடும். "அப்படியே நில்லு" என்பாய். நின்றேன். இருபத்தாறு புதன்கிழமை, அரை அரை மணி நேரம், ஒரு கையில் துரு, இன்னொரு தோளில் வரும்போது எடுத்துட்டு வா என்று அம்மா சொன்ன காய்ந்த துணி. அந்த வேலைக்குக் கூலியாகத்தான் நீ ஜன்னலிலிருந்து கதை சொன்னாய். நான் பார்த்ததெல்லாம் உன் தலை, அதுவும் மேலேயிருந்து, உச்சந்தலை.

"நீ டிவி பாக்கலம்மா" என்றாள் என் மகள். "ரேடியோ கேட்டிருக்க. அதுவும் மாமா ரேடியோ."

தங்கை எங்கேயிருந்து வந்தாள் என்ற மர்மத்தை அப்பாதான் விடுவித்தார். நம்ம டிவியில எல்லாருக்கும் வலது பக்கம் ஒரு நிழல் விழுமே, மறந்துட்டியா என்றார். அண்ணா, நீ அந்த நிழலைத் தங்கை ஆக்கிவிட்டாய். அதோடு விட்டாயா? வில்லனின் நிழல் அடியாள். மேலதிகாரியின் நிழல் உதவியாளர். நாய் வந்தபோது என்ன நாய் என்று கேட்டேன், ஜோடி நாய் என்றாய்.

இதில் என் வீட்டுக்காரரும் அகப்பட்டுக்கொண்டார். நாங்கள் முதன்முதலில் உட்கார்ந்து பேசிய அன்று, பேச ஒன்றும் கிடைக்காமல், இந்தத் தங்கையைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பொண்ணு நடிப்பு இருக்கே, அதுதான் நடிப்பு. ஒரு வசனம் கிடையாது, எல்லாம் கண்ணுலயே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பஸ் டிப்போவில் டைம்டேபிள் போடுகிற இந்த மனுஷனை நான் கட்டிக்கொண்டேன். போன வாரம் கேட்டால், வேற சீரியல்னு நினைச்சிட்டேன் என்கிறார். பதினேழு வருஷம். ஒரு நிழலின் நடிப்பைப் பாராட்டியவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

சிரிக்காதே. இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. பதினேழு வயதில் எனக்கு வெளியூர்க் காலேஜில் இடம் கிடைத்து, அப்பா யோசித்துக்கொண்டே நாலு நாள் ஓட்டினாரே, அப்போது நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும், நீ பக்கத்தில்தான் இருந்தாய். "பேசாத தங்கச்சியே ரயிலேறிப் போனா. நான் பேசுறவ, எனக்கென்ன?" என்றேன். அப்பா கண்ணாடியைத் தேடப் போனார். கண்ணாடி மூக்கில் இருந்தது. மறுநாள் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தத் தங்கையின் தைரியத்தில்தான் நான் பெட்டி தூக்கினேன், ஹாஸ்டலில் அழாமல் இருந்தேன், இந்த வேலைக்கு வந்தேன். அவள் ஆன்டெனாக் கோளாறு என்றால் நான் யார்?

இப்போது ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பாய். பதினொரு நாளாக என் கைப்பையில் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. துறைமுக ஊரில் புதிதாகத் திறக்கிற பரிசோதனைக் கூடத்தை இரண்டு வருஷம் நான் பொறுப்பேற்று நடத்த வேண்டுமாம். ரயிலில் பத்து மணி நேரம். சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாது. உனக்கு ஜன்னல் பழக்கம் இருப்பதால் நீயும் வாயை மூடிக்கொள். முடியாது என்று எழுதிவிட்டேன். பிள்ளைக்கு அடுத்த வருஷம் பெரிய பரீட்சை, அப்பாவுக்கு எழுபத்தாறு, இவருக்கு சட்டை எந்த அலமாரியில் என்பதே தெரியாது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆனால் பேனாவை எடுத்தால் அந்தப் பெண் ரயில் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் இல்லவே இல்லை என்றால் நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடலாம். இருபத்தாறாவது வாரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதனால்தான் பெட்டியை ஒளித்தேன். எனக்கு உன் வாயால் தெரிந்துகொண்டுதான் பழக்கம்.

ஆகவே, அன்றைக்கு ரயில் கிளம்பியபோது அந்த டிவியில் நீ என்ன பார்த்தாய் என்பதை, பார்த்தது பார்த்தபடி, மழை சேர்க்காமல் எழுதி அனுப்பு. கூடவே ஒரு மன்னிப்பும் வை. இல்லையென்றால் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். மிதித்தாலும் அண்ணிக்காக மிதிப்பேன், உன்னோடு பேச மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அத்தையின் ஆசிகள். உனக்கு என்ன சொல்வது என்று உன் பதில் வந்தபிறகு யோசிக்கிறேன்.

உன்னை நம்பி நின்ற தங்கை.

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டாமல் ஆபீசுக்குப் போனது நல்லதாயிற்று. மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்துவிடவும்.

இவர் இன்று லீவு. நடிப்பு விஷயத்தில் என்னைச் சமாதானப்படுத்த என்ன செய்யலாம் என்று யோசித்து, பதினேழு வருஷத்தில் முதல்முறையாக வாஷிங் மெஷினின் மூடியைக் கண்டுபிடித்திருக்கிறார். நான் வீடு திரும்பியபோது துணியெல்லாம் கொடியில் காய, நடுவில் க்ளிப் போட்டு வைஃபை பெட்டியும் காய்ந்துகொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அது இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. இனி வேலை செய்யாது. பெட்டிக்கு யார் கை கால் முளைக்க வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

எங்கள் கட்டிடத்தில் போனுக்கு சிக்னல் உருப்படியாகக் கிடைப்பது மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். கடைசி வாரத்தைப் பார்த்தே தீருவேன் என்று பிள்ளை ஒற்றைக் காலில் நின்றாள். ஆறு மணிக்கு அப்பாவை மாடிக்கு மாடி நிறுத்தி இளைப்பாறவைத்து மேலே கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தோம். போனைக் கீழே வைத்தால் படம் நின்றுவிடுகிறது, தலைக்குமேல் தூக்கிப் பிடித்தால் ஓடுகிறது. தண்டனையாக இவரைப் பிடிக்கச் சொன்னோம். திரை எங்கள் பக்கம், இவர் அதற்குப் பின்னால். "அப்படியே நில்லுங்க" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கே என்னவோ போல் இருந்தது.

உள்ளங்கையளவு படத்தில் பிளாட்பாரம் வந்தது. அக்கா நின்றாள். நான் அவளுக்கு அரையடி பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. ரயில் கிளம்பியது. உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தாள், அவள் அப்பா சிரித்தபடி கதவைத் திறந்தார், அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கை வலியோடு இவர் பின்னாலிருந்து, என்ன ஆச்சு, சொல்லுங்களேன், என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"தங்கச்சி ரயில் ஏறிட்டாப்பா" என்றாள்.

அப்பா சிரித்தார். "அன்னைக்கு இவ அண்ணன் சொன்னானே, அதே மாதிரி சொல்லுது பாரு" என்றார். பிறகு சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அன்னைக்கு மட்டும் நான் தூங்கல. பெரிய காத்து. இவ மேல அந்தக் கம்பத்தைப் பிடிச்சிட்டு நிக்கிறா. எனக்கு எங்க தூக்கம் வரும்? இவ அண்ணன் டிவிய எங்க பாத்தான்? ஒரு தடவைகூடத் திரும்பல. முடியிற வரைக்கும் அண்ணாந்து இவளத்தான் பாத்துட்டிருந்தான்."

அந்தக் காற்றில் நான் கண்ணையே திறக்கவில்லை. ஏம்ப்பா அப்பவே சொல்லல என்று கேட்டேன்.

"நீ இறங்கி வந்த மூஞ்சியப் பாத்தேன். அவன் சொன்னதே நல்லாத்தான இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு, தொட்டி நிழலில், இந்தத் தடவை நிஜமாகவே தூங்கிப்போனார். அவர் ஏன் காலேஜ் பேச்சு வந்த அன்றைக்கு மூக்கிலிருந்த கண்ணாடியைத் தேடப் போனார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

மன்னிப்பு வேண்டாம். என்ன பார்த்தாய் என்றும் எழுத வேண்டாம், தெரிந்துவிட்டது. டீச்சருக்கு என்ன பதில் எழுதுவது என்று உன் மருமகள் இப்போது பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். நான் உதவப் போவதில்லை. அவர்கள் மூவரும் கூடத்தில் இருக்கும்போதே, அடுப்படிக்கு வந்து, முடியாது என்று எழுதி வைத்திருந்த தாளை நாலாகக் கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை சம்மதம் என்று கொடுக்கப் போகிறேன். இவரிடம் சொல்லவில்லை, பிள்ளையிடம் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. நானே சொல்கிறவரைக்கும், அண்ணா, தயவுசெய்து ஜன்னல் பக்கம் போகாமல் அப்படியே நில்லு.